மேற்பார்வையாளர் கேட்ட கேள்வி: இசை சிகிச்சைப் பயிற்சியில் நடந்தவை

மாணவி, மிச்சிகன்

அடுத்த பருவத்தில் எனக்கு இன்டர்ன்ஷிப் தொடங்குகிறது. மூத்தவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் இசை சிகிச்சை படிப்பவர்களுக்குக் கணக்கு மனப்பாடம். மொத்தம் குறைந்தது 1200 மணி நேரக் களப்பயிற்சி. அதில் 180 மணி நேரமாவது படிப்பின் ஊடே பிராக்டிகமாக, 900 மணி நேரமாவது இன்டர்ன்ஷிப்பாக. அதன் பிறகுதான் சிகிச்சையாளராகச் சான்றிதழ் தரும் வாரியத் தேர்வு. இதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அந்த நேரமெல்லாம் அறை மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு நம்மையே பார்த்திருப்பாரே ஒருவர், அவரைப் பற்றித்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.

முதியோர் இல்லம் ஒன்றில், மறதிநோய்ப் பிரிவில் எனக்குப் பிராக்டிகம். ஒரு நாள் வட்டமாக உட்கார்த்தி வைத்துப் பாடிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாட்டின் நடுவே கிட்டாரை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் தொடர்ந்தேன். முடிந்ததும் மேற்பார்வையாளர் கேட்டது ஒன்றே: "கிட்டாரை ஏன் நிறுத்தினாய்?" நன்றாக இருக்கும் என்று தோன்றியது என்றேன். "அது சரி, ஏன் தோன்றியது?" அவர் விடவில்லை. ஜன்னலோரப் பாட்டி முனகத் தொடங்கியிருந்தார், கிட்டார் அந்தச் சத்தத்தை மூடிக்கொண்டிருந்தது, அதனால் நிறுத்தினேன் என்பது கேட்டுக் கேட்டுத்தான் என் வாயிலிருந்து வந்தது. "இதைத்தான் குறிப்பில் எழுத வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பதினைந்து வருடம் கர்நாடக சங்கீதம் கற்ற எனக்கு இப்படி யாரும் காரணம் கேட்டதில்லை. சங்கதி சரியா, தவறா என்பதோடு பாட்டு வகுப்பு முடிந்துவிடும். உங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளைச் சொல்லுங்கள். தைரியத்துக்காகவாவது.


ஹாஸ்பிஸில் பயிற்சி முடித்தவர், ஒஹாயோ

ஹாஸ்பிஸ் என்றால் இறுதிக்கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். அங்கே என் மேற்பார்வையாளருக்கு ஒரு சட்டம் இருந்தது. அறைக்குள் போனால் முழுதாக ஒரு நிமிடம் கிட்டாரைத் தொடக் கூடாது. நோயாளியின் நெஞ்சைப் பார்த்து மூச்சை எண்ண வேண்டும். வெளியே வந்த பிறகு எண்ணிக்கையைக் கேட்பார். அவரும் எண்ணி வைத்திருப்பார்.

தொண்ணூறு தாண்டிய விவசாயி ஒருவர். பேச்சு நின்றுவிட்டது, வாய் திறந்தபடி, மூச்சு வேகமாக மேலே மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு 34. மகள் கட்டிலருகே உட்கார்ந்து அவருடைய காலுறையைச் சரி செய்துகொண்டே இருந்தார். அது நழுவவே இல்லை, ஆனாலும் சரி செய்தார். எதைப் பாட வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். அப்பா டிராக்டரில் உட்கார்ந்து முனகும் பழைய கன்ட்ரி பாட்டு ஒன்றைச் சொன்னார்.

மூன்றடித் தாளத்தில் எடுத்தேன். ஒரு மூச்சு உள்ளே போக ஓர் ஆவர்த்தம், வெளியே வர ஓர் ஆவர்த்தம். அந்த வேகத்தில் பாடவே முடியாது, சொற்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். ஆகவே சொற்கள் இல்லாமல் கிட்டாரும் முனகலும் மட்டும். நோயாளி இருக்கும் இடத்துக்கு முதலில் இசை போக வேண்டும், பிறகு அங்கிருந்து சிறிது சிறிதாக அவரை அழைத்துவர வேண்டும் என்பது நாம் அனைவரும் முதலாண்டில் படிப்பது. ஆல்ட்ஷுலர் என்ற மனநல மருத்துவர் 1940களில் எழுதிய கொள்கை. படிக்க எளிது. ஒருவருடைய நெஞ்சைப் பார்த்துக்கொண்டே வலது கையின் வேகத்தை மயிரிழை மயிரிழையாகக் குறைத்துப் பாருங்கள், தெரியும்.

அரைமணி கழித்து மூச்சு 26. எனக்குள் ஒரே பெருமிதம். தாழ்வாரத்தில் மேற்பார்வையாளர் கேட்டார்: "மார்ஃபின் எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள்?" செவிலியரிடம் போய்க் கேட்டேன். நாங்கள் உள்ளே போவதற்குச் சற்று முன்புதான் கொடுத்திருந்தார்கள். அதுவும் மூச்சைத் தணிக்கும் மருந்துதான். "இரண்டையும் எழுது. எதனால் இறங்கியது என்று நீ தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆனால் மகள் காலுறையிலிருந்து கையை எடுத்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்தாரே, அதை ஏன் உன் குறிப்பில் காணோம்?"

நான் நோயாளியைப் பார்த்த நேரத்தில் அவர் அறை முழுவதையும் பார்த்திருக்கிறார்.


வயலின் ஆசிரியர், மதுரை

ஆர்வமாகப் படிக்கிறேன். ஒரு சந்தேகம். எந்த நோய்க்கு எந்த ராகம் என்று இவ்வளவு படித்தவர்களில் ஒருவரும் சொல்லவில்லையே? ரத்த அழுத்தத்துக்கு ஆனந்தபைரவி என்கிறார்கள், தூக்கத்துக்கு நீலாம்பரி என்கிறார்கள். அதைச் சொல்லித் தருவதில்லையா?


இசை சிகிச்சை முதுநிலை டிப்ளமோ, புதுச்சேரி

ஐயா, இந்தக் கேள்வியை நோயாளிகளின் உறவினர்களும் கேட்பார்கள், மருத்துவர்களும் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தப் பட்டியலை மருந்துச் சீட்டு போல மடித்துப் பையில் வைத்திருந்த ஒருவரையே பார்த்திருக்கிறேன்.

டயாலிசிஸ் பிரிவில் நடந்ததைச் சொல்கிறேன். நான்கு மணி நேரம் கை அசைக்காமல் படுத்திருக்க வேண்டியவர்கள். தூக்கம் வரவில்லை என்றார் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற தாசில்தார். சங்கீத ஞானம் உள்ளவர் என்று தெரிந்ததும் நீலாம்பரியில் ஆலாபனை எடுத்தேன். அவர் தலையைத் தூக்கினார். "வேறே ஏதாவது பாடம்மா. இதைச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் தாளம் தப்பினால் என் தொடையில்தான் தாளம் போடுவார்." அறுபது வருடத்துக்கு முந்தைய அடி, இன்னும் வலிக்கிறது!

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். மேற்பார்வையாளரும்தான். பிறகு என்ன கேட்டார் தெரியுமா? "அவருக்கு எது வேண்டும் என்று இப்போதாவது கேட்கிறாயா?" கேட்டேன். தூங்கக்கூட வேண்டாமாம், பேச்சுத்துணை இருந்தால் போதுமாம். ஐம்பதுகளின் சினிமாப் பாட்டுகளை ஒவ்வொன்றாக நான் முதல் வரி பாட, அவர் படமும் வருடமும் சொல்ல, அன்றைய மூன்றாவது மணி நேரம் ஓடிவிட்டது. ராகம் வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது யார் காதில் விழுகிறது என்று தெரியாமல் பட்டியலைப் பார்த்துப் பாடுவதைப் பயிற்சி என்று எந்த மேற்பார்வையாளரும் கையெழுத்துப் போட மாட்டார்.


பேச்சு மறுவாழ்வுப் பிரிவில் இன்டர்ன், நியூ ஜெர்சி

எனக்குக் கிடைத்த கேள்வி மொழியைப் பற்றியது.

பக்கவாதத்தால் இடது மூளை பாதிக்கப்பட்டுப் பேச்சு போனவர்களில் சிலருக்குப் பாட்டு மட்டும் வரும். ஒரு சொல் பேச முடியாதவர் தெரிந்த பாட்டை வரிவரியாகப் பாடிவிடுவார். அந்த வழியைப் பிடித்து 1973இல் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் மூவரும் மெலடிக் இன்டொனேஷன் முறையை வெளியிட்டார்கள். இரண்டே சுருதி, ஒன்று மேலே, ஒன்று கீழே. அன்றாட வாக்கியம் ஒன்றை அந்தச் சுருதிகளில் இழுத்துச் சொல்லி, ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடது கையைத் தட்டிக்கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசைக்கு மேல் சுருதி. அவ்வளவுதான்.

எனக்கு வந்தவர் திருநெல்வேலிப் பக்கத்து ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். மகன் வீட்டுக்கு வந்த இடத்தில் பக்கவாதம். ஆங்கிலம் தெரியும், ஆனால் பேச்சு வந்தால் தமிழில்தான் வரும் போலிருந்தது. பேச்சுப் பயிற்சியாளருக்கும் என் மேற்பார்வையாளருக்கும் தமிழ் தெரியாது. "தண்ணீர் வேண்டும்" என்பதை எடுத்துக்கொள்ளலாம் என்றேன். "எந்த அசை மேலே போகும்?" என்று கேட்டார் மேற்பார்வையாளர்.

தமிழில் ஆங்கிலத்தைப் போல ஓரசையில் ஓங்கி அடிப்பதில்லையே. தண், ணீர், வேண், டும். எதை ஏற்றினாலும் ஏதோ ரயில்வே அறிவிப்பு போல ஒலித்தது. மேற்பார்வையாளர் விடை சொல்லவில்லை, அவருக்கும் தெரியாதுதானே. "இந்த வாக்கியத்தை அவர் யார் வாயிலிருந்து அதிகம் கேட்டிருப்பார்?" என்று மட்டும் கேட்டார்.

அவருடைய மனைவி, ஆச்சியிடம் போனேன். "ஆச்சி, தாத்தாவிடம் தண்ணீர் வேண்டுமா என்று எப்படிக் கேட்பீர்கள்?" அவர் சேலை முந்தானையைச் சரி செய்துகொண்டு, கேமரா முன் நிற்பது போல நின்று, ஒரு மாதிரிச் செய்தியறிக்கைத் தமிழில் கேட்டார். அது வேண்டாம் ஆச்சி, வீட்டில் கேட்பது போல என்றேன். வெட்கப்பட்டார். பிறகு தாத்தாவின் பக்கம் திரும்பி, கேட்டார். அதில் சுருதி இருந்தது. முதல் அசையில் கீழே தொடங்கி, 'வேண்' என்ற இடத்தில் ஏறி, கடைசியில் இன்னும் கொஞ்சம் தொங்கி நின்றது. நெல்லைத் தமிழின் அந்த இழுப்பு என் பாட்டு வகுப்பில் எந்த ஸ்வரத்திலும் எழுதப்படாதது.

கேள்வியின் மெட்டைப் பதிலுக்கு ஏற்றபடி கடைசி அசையில் இறக்கிக்கொண்டோம். இடது கையில் நான் தட்ட, முதலில் தாத்தா முனகினார், பல நாள் முனகினார். ஒரு காலையில் 'வேண்டும்' மட்டும் வந்தது. எது வேண்டும் என்று தெரியாமல் ஆச்சி தண்ணீர், காப்பி, மூக்குக்கண்ணாடி என்று எல்லாவற்றையும் நீட்டினார். மகன் அழுதார். தாத்தா மூக்குக்கண்ணாடியை வாங்கிக்கொண்டார்.


பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு, நியூயார்க்

என்னிடம் கேட்டது: "இது யாருடைய பாட்டு?"

நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையிலிருந்து ஜோவன் லோவி தலைமையில் 11 மருத்துவமனைகளில் 272 குறைப்பிரசவக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. நேரடியாகப் பாடும் தாலாட்டு, கருப்பைக்குள் கேட்பது போன்ற இரைச்சலை எழுப்பும் ஓஷன் டிஸ்க் என்ற வாத்தியம், இதயத் துடிப்பைப் போலத் தட்டும் மரப்பெட்டி ஆகிய மூன்றையும் சோதித்தார்கள். தாலாட்டு என்றால் கடையில் விற்கும் தாலாட்டு இல்லை, பெற்றோர் தேர்ந்தெடுத்த பாட்டு. எந்தப் பாட்டாக இருந்தாலும் அதைத் தாலாட்டின் நடைக்குக் கொண்டுவருவார்கள்.

என் பொறுப்பில் இருந்த குழந்தையின் தாய் குவாத்தமாலாக்காரர். அவர் தந்தது சர்ச்சில் கைதட்டிப் பாடும் பாட்டு. வேகத்தை உருவி, மூன்றடியாக்கி, சுருதியை அவர் பேசும் குரலுக்கு இறக்கி, அவரிடமே திருப்பிக் கொடுப்பது என் வேலை. குழந்தை விரல்களை விரித்தாலோ, விக்கல் எடுத்தாலோ, நிறம் மாறினாலோ நிறுத்த வேண்டும். சில நாள் முதல் வரியோடு நிறுத்தினோம். கடைசி வாரங்களில் நான் வாயே திறக்கவில்லை, தாய் பாடினார், நான் மானிட்டரைப் பார்த்தேன். அந்த அமர்வுகளுக்கும் எனக்கு மணி நேரம் கணக்கு வைத்தார்கள். பாடாததற்கு மதிப்பெண் வாங்கிய ஒரே பாட்டு மாணவி நானாகத்தான் இருப்பேன்.


இன்டர்ன், டெக்சஸ்

எல்லாம் அழகாக இருக்கிறது. கேள்வி கேட்டவர்கள் சம்பளம் தந்தார்களா என்பதையும் யாராவது எழுதுங்களேன். வேறு மாநிலத்துக்கு வீடு மாற்றி, வாடகை கட்டி, முழுநேரம் வேலை செய்து, அதற்குப் பல்கலைக்கழகத்துக்கு நானே கட்டணமும் கட்டுகிறேன். மாலையில் பியானோ வகுப்பு எடுத்துத்தான் சாப்பாடு.


மேற்பார்வையாளர், மனநலப் பிரிவு

மறுக்க மாட்டேன். உதவித்தொகை தரும் இடங்கள் சிலவே. இதைச் சரி என்று வாதாட எனக்கு வாய் வராது. எங்களுக்கும் மாணவரை எடுத்துக்கொண்டதற்காக நோயாளிகளின் எண்ணிக்கை குறைவதில்லை. உங்கள் குறிப்புகளை நான் திருத்துவது பெரும்பாலும் என் மதிய உணவு நேரத்தில். அது உங்கள் வாடகையைக் கட்டாது என்பதும் தெரியும்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். இன்டர்ன்ஷிப்புக்குச் சிபிடி, அதாவது படிப்பின் பகுதியாக வேலை செய்யும் அனுமதி, வேண்டும், அதைத் தொடங்கும் நாளுக்கு முன்பே வாங்கியாக வேண்டும். முழுநேரச் சிபிடி பன்னிரண்டு மாதத்தைத் தொட்டால் அந்தப் பட்ட நிலைக்கான ஓபிடி, அதாவது படிப்பு முடிந்து இங்கே வேலை செய்யக் கிடைக்கும் அனுமதி, போய்விடும். சர்வதேச மாணவர் அலுவலகத்தில் முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் இத்தனை 'ஏன்' என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் குழுக் கூட்டத்தில் மருத்துவர் உங்கள் பக்கம் திரும்பி, இவருக்குக் குழு இசை போதாதா, தனி அமர்வு எதற்கு என்று கேட்பார். அரை நிமிடம்தான் தருவார். நோயாளிக்கு அந்த அமர்வு கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் உங்கள் பதிலில் இருக்கிறது. அன்று நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.


மாணவி, மிச்சிகன்

நன்றி. சிபிடி தேதியை இன்றே விசாரிக்கிறேன். இன்னும் ஒன்று: மருத்துவமனைக்கு என் வீணையைக் கொண்டுபோகலாமா?


ஹாஸ்பிஸில் பயிற்சி முடித்தவர், ஒஹாயோ

ஒவ்வோர் அறைக்குப் பிறகும் கிருமிநாசினித் துணியால் முழு வாத்தியத்தையும் துடைக்க வேண்டும். தோல் போர்த்திய மேளத்தையே உள்ளே விட மாட்டார்கள், செயற்கைத் தோல்தான். வீணையின் மெழுகையும் யாளி முகத்தையும் துடைத்துப் பார்க்க உங்களுக்கு மனம் வருமா? வார்னிஷ் நன்றாக ஏறிய மலிவான கிட்டார் ஒன்றை வாங்குங்கள். தோள்வாரும் துணியாக இருக்கக் கூடாது, பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.