செட்டில்மென்ட் வாங்கினா இ.எஸ்.ஐ. வேலையில்லாப் பணம் கிடைக்காதா? அவசரம்

பேரணாம்பட்டு_தம்பி | 2024 ஆகஸ்ட் 6, இரவு 10.42
அண்ணன் வேலை பார்த்த ஷூ கம்பெனியில ஆர்டர் இல்லைனு நிறுத்திட்டாங்க. செட்டில்மென்ட் 1,20,000 தர்றாங்களாம். அதை வாங்கினா இ.எஸ்.ஐ.யில வேலை போனவங்களுக்குத் தர்ற பணம் வராதுன்னு கூட இருக்கறவங்க சொல்றாங்க. நாளைக்குக் கையெழுத்து. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குடியாத்தத்தான் | 10.55
எத்தனை வருஷ சர்வீஸ்? கடைசி சம்பளம் எவ்வளவு? கையெழுத்து எந்தப் பேப்பர்ல? இதெல்லாம் இல்லாம என்னன்னு சொல்றது?

மேல்விஷாரம்_பாய் | 11.03
வராது தம்பி. நீங்க கேட்கற இ.எஸ்.ஐ. பணம் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனாங்கற திட்டத்துல வர்றது. அதோட விதியிலேயே இருக்கு, அதே காலத்துக்கு வேற பண இழப்பீடு வாங்கக் கூடாதுன்னு. செட்டில்மென்ட்டை மூணு மாசம் தள்ளிப் போடுங்க.

ஆற்காடு_கணக்கர் | 11.20
பாய், பாதி வரியைப் படிச்சிட்டு அடுத்தவங்க பிழைப்புல கை வைக்காதீங்க. அந்த விதி இ.எஸ்.ஐ. சட்டம் 65ஆம் பிரிவை ஒட்டி எழுதினது. நோய்க்காலப் பணம், மகப்பேறுப் பணம், தற்காலிக ஊனப் பணம்னு இ.எஸ்.ஐ.யே தர்றதோட சேர்த்து வாங்கக் கூடாதுங்கறதுதான் அதோட அர்த்தம். முதலாளி தர்ற ஆட்குறைப்பு இழப்பீடும் கிராஜுவிட்டியும் அதுல வராது. இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதறது? பழைய இழைகளைப் படிச்சிட்டுக் கேட்கப் பழகுங்க.
எவ்வளவு பணம் வாங்கினார்ங்கறது தடை இல்லை. வேலை எப்படிப் போச்சுன்னுதான் பார்ப்பாங்க. ஒழுங்கு நடவடிக்கையில நீக்கினது, வயது ஓய்வு, விருப்ப ஓய்வு, ஸ்டிரைக் இதுக்கெல்லாம் கிடையாது.

காட்பாடி_ஜங்ஷன் | 11.31
பி.எஃப். பணத்தை எடுத்துட்டாலும் இ.எஸ்.ஐ. கட் ஆயிடும். அதையும் பார்த்துக்கோங்க.

குடியாத்தத்தான் | 11.36
ஆகாதுங்க. பி.எஃப். வேற ஆபீஸ். இப்ப, 2024ல, இருக்கற விதிப்படி வேலை போய் ஒரு மாசத்துல 75 சதவீதம், ரெண்டு மாசத்துல மீதியும் எடுக்கலாம்.

பேரணாம்பட்டு_தம்பி | ஆகஸ்ட் 7, காலை 6.10
9 வருஷம் 7 மாசம். பேசிக், டி.ஏ. சேர்த்து 15,600. மொத்தமே 60 பேர்தான். பேப்பர்ல "சொந்தக் காரணங்களால் என் விருப்பப்படி வேலையிலிருந்து விலகுகிறேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை"ன்னு டைப் அடிச்சிருக்கு. தேதி போடற இடம் காலி.

ஆற்காடு_கணக்கர் | 6.48
இதை நேத்தே சொல்லியிருக்கணும். அந்தப் பேப்பர்ல கையெழுத்தே போடக் கூடாது.
கம்பெனி மாசாமாசம் இ.எஸ்.ஐ. போர்ட்டல்ல சந்தா ஏத்தும்போது, ஆள் நின்னா காரணக் கோட் போடுவாங்க. 2ன்னா வேலையை விட்டுப் போனார், 10ன்னா ஆட்குறைப்பு. நீங்க சொல்ற பேப்பர் 2க்குத்தான் வழி பண்ணும். அடல் திட்டம் போக இ.எஸ்.ஐ.யில வேலை போனவங்களுக்கு இன்னொரு திட்டம் இருக்கு, ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. அதுக்கு ஆலை மூடல், ஆட்குறைப்புன்னு பதிவாகியிருக்கணும். அது கிடைச்சா முதல் 12 மாசம் சம்பளத்துல 50 சதவீதம், அடுத்த 12 மாசம் 25 சதவீதம், குடும்பத்துக்கு வைத்தியமும் உண்டு. ஒரு கையெழுத்துல அத்தனையும் போயிடும்.
கணக்கும் பாருங்க. ஆறு மாசத்துக்கு மேல இருக்கறதால 10 வருஷம். கிராஜுவிட்டி 15,600 × 15 ÷ 26 × 10 = 90,000. ஆட்குறைப்பு இழப்பீடு வருஷத்துக்கு அரை மாசச் சம்பளம், 78,000. முன் நோட்டீஸ் தரலைன்னா ஒரு மாசச் சம்பளம் 15,600. மொத்தம் 1,83,600. பாக்கிச் சம்பளம், லீவுப் பணம் தனி. 63,600 குறைச்சுத் தர்றாங்க.

குடியாத்தத்தான் | 7.05
இழப்பீட்டுக்கும் 26ஆலதான் வகுக்கணும். அதுவும் 90,000 வரும்.

ஆற்காடு_கணக்கர் | 7.15
26ன்னு கிராஜுவிட்டி சட்டத்துலதான் எழுதியிருக்கு. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு இப்ப, 2024ல, இருக்கற தொழில் தகராறுச் சட்டம் 25எஃப் பிரிவுல இல்லை. குரு ஜம்பேஷ்வர் பல்கலைக்கழக வழக்குல 2007ல உச்ச நீதிமன்றமே அதை இங்க கொண்டு வர முடியாதுன்னு சொல்லிடுச்சு.

குடியாத்தத்தான் | 7.22
தினக்கூலிக்கும் மாசச் சம்பளத்துக்கும் ஒரே கணக்கா? வாரத்துல ஆறு நாள்தானே வேலை? 12,000 ரூபாய் வித்தியாசம் தொழிலாளிக்குச் சின்னப் பணம் இல்லை. கேட்டுப் பார்க்கறதுல தப்பு என்ன?

மேல்விஷாரம்_பாய் | 7.30
65ஆம் பிரிவை இப்பதான் எடுத்துப் படிச்சேன். கணக்கர் சொன்னதுதான் சரி, என் பதிலை விட்டுடுங்க தம்பி. அடல் திட்டத்துல எவ்வளவு வரும்?

ஆற்காடு_கணக்கர் | 7.41
முந்தைய நாலு சந்தாக் காலத்துச் (ஒண்ணு ஆறு மாசம், ஆக ரெண்டு வருஷம்) சம்பளத்தைக் கூட்டி 730 நாளால வகுத்து, அதுல பாதி. 24 மாசமும் முழுச் சம்பளம்னா 3,74,400 ÷ 730 = 512.88, பாதி 256.44. 90 நாளைக்குச் சுமார் 23,079. ஆயுசுல ஒரே தடவை. வேலைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகியிருக்கணும், கடைசி சந்தாக் காலத்துல 78 நாள், அதுக்கு முந்தின மூணுல ஏதாவது ஒண்ணுல 78 நாள் சந்தா இருக்கணும். சம்பளமில்லா லீவு நிறைய போட்டவங்க இங்கதான் மாட்டுவாங்க.
வேலை போய் 30 நாள் கழிச்சு போர்ட்டல்ல நீங்களே விண்ணப்பிக்கலாம், கம்பெனி கையெழுத்து வேண்டாம். ஆதாரையும் பாஸ்புக் முதல் பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி ஏத்துங்க. நோட்டரி பத்திரம்னு யாராவது பணம் கேட்டா கொடுக்காதீங்க, 2020 நவம்பர்லயே அதை எடுத்துட்டாங்க. ஆதார்ல இருக்கற பேரும் இ.எஸ்.ஐ. அட்டைப் பேரும் ஒரே மாதிரி இருக்கணும், இனிஷியல் மாறினாலே நின்னுடும்.

பேரணாம்பட்டு_தம்பி | ஆகஸ்ட் 9, மாலை 5.20
கையெழுத்து போடல. ஆட்குறைப்புன்னே கடிதம் தர்றதா ஒத்துக்கிட்டாங்க, பணம் பேச்சு திங்கள்கிழமை. அட்டையில இனிஷியல் தப்பா இருக்கு, அதை மாத்தப் போறோம். நன்றி.