1967 சி.ஜே.3பி ஜீப்புக்கு ரோல் பார்: போடலாமா, வேண்டாமா?

ஆழியாறு_ஜீப்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா வாங்கிய மஹிந்திரா சி.ஜே.3பி ஒன்று எங்களிடம் இருக்கிறது. 1967 மாடல், பெட்ரோல் ஹரிகேன் இன்ஜின், மூன்று கியர். இன்ஜின் வேலை, பிரேக் வேலை எல்லாம் முடிந்து இப்போதுதான் ரோட்டுக்கு வந்திருக்கிறது. தோப்புக்குப் போக வரவும், லீவு நாளில் வால்பாறைப் பக்கம் எஸ்டேட் பாதைகளில் எடுத்துப் போகவும் எண்ணம். பின்னால் பசங்க உட்காருவார்கள். கதவு இல்லை, துணி ஹூட், முன் கண்ணாடியும் மடக்குகிற வகை. வண்டி சாய்ந்தால் தலைக்கும் தரைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. பட்டறையில் ரோல் பார், அதாவது கவிழ்ந்தால் தலையைக் காக்கிற வளைந்த இரும்புச் சட்டம், போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். அப்பா வண்டியில் ஓட்டை போட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பழசு_பழசாகவே:
போடாதீர்கள் நண்பரே. நம் ஊரில் ஓடுகிற பழைய ஜீப்பில் பெரும்பாலானவற்றுக்கு டீசல் இன்ஜின் மாற்றியாகிவிட்டது, கியர் பாக்ஸ் மாறிவிட்டது, பாடியே புதிதாக அடித்ததாக இருக்கும். உங்கள் வண்டியில் ஹரிகேன் இன்னும் உட்கார்ந்திருக்கிறது என்பதே பெரிய விஷயம். அந்த இன்ஜின் உயரமானது. அதற்கு இடம் கொடுக்கத்தான் வில்லிஸ் கம்பெனி 1953-ல் பானெட்டை உயர்த்தி 3பி என்று கொண்டு வந்தது. அமெரிக்காவில் 1968-ல் அதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகும் உயிரோடு வைத்திருந்தது மஹிந்திராதான்.

ரோல் பார் என்றால் குறைந்தது பன்னிரண்டு ஓட்டை. தகடு அறுபது வருஷப் பழசு. ஓட்டை போட்ட இடத்தில் பெயின்ட் விடும், மழைத் தண்ணீர் இறங்கும், ரெண்டு மழைக்காலத்தில் துரு வட்டம் விழும். நாளை நீங்கள் கழற்றினாலும் அந்தத் தழும்பு போகாது. இன்னொன்று, 2021-ல் மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். ஆனால் வண்டி பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும். சேஸிஸ் (அடிச்சட்டம்), பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அந்த வாய்ப்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

பீளமேடு_பட்டறை:
அண்ணா, நீங்கள் சொன்ன விண்டேஜ் பதிவை முழுசாகச் சொல்லுங்கள். வி.ஏ. என்ற எழுத்தோடு நம்பர் வாங்கிய வண்டியைக் கண்காட்சிக்கும், விண்டேஜ் ராலிக்கும், ஆராய்ச்சிக்கும், பெட்ரோல் போடவும், பராமரிப்புக்கும்தான் எடுக்கலாம். தினசரி ஓட்டத்துக்கு அனுமதி கிடையாது. தோப்புக்கும் வால்பாறைக்கும் போகிறவருக்கு அந்த நம்பர் எதற்கு?

நான் பார் கட்டிக் கொடுக்கிறவன், அதனால் வெளிப்படையாகவே பேசுகிறேன். போட வேண்டும். ஆனால் முறையாகப் போட வேண்டும். ஊரில் பாதி ஜீப்பில் மாட்டியிருப்பது ரோல் பாரே இல்லை. பளபளவென்று எஸ்.எஸ். பைப்பை வளைத்து, தரைத் தகட்டில் நாலு போல்ட் அடித்து, மேலே ரெண்டு லைட் வைத்திருப்பார்கள். வண்டி கவிழ்ந்தால் அதன் கால் தகட்டைக் குத்திக்கொண்டு இறங்கிவிடும். அதைப் போடுவதைவிடப் போடாமல் இருப்பதே மேல், ஏனென்றால் அது இருக்கிற தைரியத்தில் ஆள் கூடுதலாகச் சாய்த்து ஓட்டுவான்.

கொழுக்குமலை_ஸ்டியரிங்:
சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறேன். அந்தப் பாதையில் பத்து கிலோமீட்டர் வேகம் வந்தாலே அதிகம். எங்கள் பக்கம் வண்டி கவிழ்வது வேகத்தால் இல்லை. ஒரு பக்கச் சக்கரம் மேட்டில் ஏறும், மறுபக்கம் மண் சரியும், அவ்வளவுதான், மெதுவாகப் படுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ஆள் என்ன செய்வான் தெரியுமா? சாய்கிற பக்கம் கையையோ காலையோ வெளியே நீட்டி ஊன்றப் பார்ப்பான். யாரும் யோசித்துச் செய்வதில்லை, உடம்பு தானாகச் செய்கிறது. வண்டி அந்தக் கை மேலேயே விழும். பார் இருந்தும் பெல்ட் இல்லாததால் வெளியே விழுந்து அடிபட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தம்பி, முதலில் பெல்ட் போடுங்கள். பார் அதற்கு அப்புறம்.

பழசு_பழசாகவே:
நான் சொல்ல வந்ததும் அதுதான். குட்டை வண்டி, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 80 அங்குல வீல்பேஸ், இடது வலது சக்கரத்துக்கு நடுவே நாலு அடிதான். உச்சியில் இரும்பைக் கட்டினால் கனம் மேலே ஏறி, கவிழ்வது இன்னும் சுலபமாகும். அடக்கமாக ஓட்டுங்கள், சரிவில் குறுக்கே போகாதீர்கள், நேராக ஏறி நேராக இறங்குங்கள். அறுபது வருஷமாக இந்த ஜீப்பை அப்படித்தானே ஓட்டினார்கள்?

பீளமேடு_பட்டறை:
கனத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 45 மில்லி விட்டம், 2.5 மில்லி கனமுள்ள பைப் மீட்டருக்கு 2.6 கிலோ வரும். வளைவு, குறுக்குச் சட்டம், பின் தாங்கிகள் எல்லாம் சேர்த்து ஏழு மீட்டருக்குள். தகடு, போல்ட் சேர்த்தால் இருபது, இருபத்திரண்டு கிலோ. வண்டி ஆயிரம் கிலோவுக்குப் பக்கம். இந்த இருபது கிலோ, வண்டியின் கனமையத்துக்கு முக்கால் மீட்டர் மேலே இருப்பதாக வைத்தாலும் மையம் ஒன்றரை சென்டிமீட்டர்தான் உயரும். பின்னால் நாலு பேர் வீல் ஆர்ச் (பின் சக்கரத்தை மூடுகிற தகட்டு மேடை) மேல் உட்கார்ந்தால் அதைவிட அதிகமாக உயரும். அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அடக்கமாக ஓட்டினால் போதும் என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. டிராக்டரை யாரும் வேகமாக ஓட்டுவதில்லை. ஆனாலும் கவிழ்ந்து செத்தவர்கள் உலகம் முழுக்க ஏராளம். ஸ்வீடனில் 1959-லிருந்து புது டிராக்டருக்குப் பாதுகாப்புச் சட்டம் கட்டாயம் என்று ஆக்கினார்கள். பிறகு பழைய டிராக்டருக்கும் மாட்டச் சொன்னார்கள். கவிழ்ந்து சாகிறவர்கள் எண்ணிக்கை அங்கே அடியோடு குறைந்தது. ஓட்டுகிறவர்கள் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை. தலைக்கு மேல் இரும்பு வந்தது.

ஆர்சி_புக்:
சட்டப் பக்கத்தை யாரும் தொடவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, ஆர்.சி.யில் இருக்கும் விவரம் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கமாகவே சொன்னது. ஆனால் அதே பிரிவில் விளக்கம் ஒன்று உண்டு. வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி அமைப்பை மாற்றினால்தான் அது மாற்றம். போல்ட்டில் மாட்டிய பார் அதில் அடங்குமா என்பதில் ஒரு ஆபீசர் ஒரு மாதிரி, இன்னொருவர் இன்னொரு மாதிரி நினைக்கலாம். பழைய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்கப் போக வேண்டும், அன்றைக்கு இந்தக் கேள்வி வரும். வெல்டிங் வைத்துச் சேஸிஸோடு ஒட்டிவிட்டால் வாதாடவே இடமில்லை. இன்ஷூரன்ஸுக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

எம்எம்540_மாரி:
எனக்கு இதில் மாற்றுக் கருத்து. என் எம்எம்540 ஜீப்பில் பாரை நேரே சேஸிஸில்தான் வெல்டிங் வைத்திருக்கிறேன். பாடி தகட்டை நம்பிப் பார் மாட்டுவதில் அர்த்தமே இல்லை. கவிழும்போது முழுக் கனமும் நாலு கால் வழியாக இறங்கும், அதைத் தாங்குகிற ஒரே இரும்பு சேஸிஸ்தான். சட்டத்துக்காக உயிரைப் பணயம் வைக்க முடியாது.

பீளமேடு_பட்டறை:
மாரி தம்பி, சேஸிஸ்தான் வலு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பாடி ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தில் சேஸிஸ் முறுக்கும், பாடி வேறு மாதிரி அசையும். பார் சேஸிஸோடு ஒட்டியிருந்தால், அது தரையைத் துளைத்துக்கொண்டு வருகிற இடத்தைச் சுற்றி உரசி, தகடு கிழியத் தொடங்கும். உங்கள் வண்டியில் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், பார் காலைச் சுற்றி மயிரிழை போல விரிசல் இருக்கிறதா என்று.

நான் செய்கிற முறை இது. தரைத் தகடு சேஸிஸ் மேல் எங்கே உட்காருகிறதோ, கூடியமட்டும் அதற்கு நேர் மேலே கால் வர வேண்டும். பாடித் தகட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, 3 மில்லிக்குக் குறையாத தகடு வைத்துச் சப்பாத்தி மாதிரி அகலமாக நெருக்க வேண்டும். எஃப்.ஐ.ஏ. என்ற உலகக் கார் பந்தய அமைப்பின் விதியில் ஒரு காலுக்கு 120 சதுர சென்டிமீட்டர் தகடு, குறைந்தது மூன்று எட்டு மில்லி போல்ட், 8.8 கிரேடு என்று இருக்கிறது. பைப் 45 மில்லி விட்டத்துக்கு 2.5 மில்லி கனம், இல்லையென்றால் 50-க்கு 2, சீம்லெஸ், அதாவது நீள மூட்டு இல்லாதது. தண்ணீர்க் குழாய் ஜி.ஐ. பைப் வேண்டவே வேண்டாம். துத்தநாகப் பூச்சின் மேல் வெல்டிங் வைத்தால் உள்ளே காற்றுக் குமிழ் அடைத்துக்கொள்ளும், புகையும் உடம்புக்கு ஆகாது.

வளைப்பதில்தான் நம் ஆட்கள் சொதப்புகிறார்கள். மணல் நிரப்பி, கேஸ் வைத்துச் சூடாக்கி வளைத்தால் வெளிப்பக்கம் மெலிந்துவிடும், உள்பக்கம் சுருக்கம் விழும். சூடாக்காமல் பச்சையாகவே, விட்டத்துக்கு மூன்று மடங்கு ஆரம் வரும்படி வளைக்க வேண்டும். வளைவில் விரலை ஓட்டிப் பாருங்கள். மடிப்புத் தட்டினால் அந்தப் பைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்கச் சொல்லுங்கள்.

ஆழியாறு_ஜீப்:
இவ்வளவு விவரத்துக்கு நன்றி அண்ணா. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு வளைவு, அதிலிருந்து பின்னோக்கி ரெண்டு தாங்கி. பசங்க வழக்கம் போல வீல் ஆர்ச் மேல் உட்காரலாம். இப்படிப் போட்டால் சரிதானே?

பழசு_பழசாகவே:
இங்கேதான் நான் இத்தனை நேரம் சொல்ல நினைத்தது வருகிறது. நண்பரே, அந்த ரெண்டு பின் தாங்கிகளும் எங்கே போகும்? வளைவின் உச்சியிலிருந்து சாய்ந்து வீல் ஆர்ச்சின் பின் முனைக்கு இறங்கும். சரியாகப் பசங்களின் தலை இருக்கிற இடம். இப்போது வண்டி ஒரு பள்ளத்தில் குலுங்கினால் தலை துணியில் இடிக்கும். நாளை இரும்பில் இடிக்கும். ஹெல்மெட் போட்ட பந்தயக்காரனுக்கு எழுதிய விதியை அப்படியே எடுத்துக் குடும்ப வண்டியில் மாட்டுகிறீர்கள். முன்னால் இருக்கிற ரெண்டு பேரைக் காப்பாற்றப் பின்னால் இருக்கிற குழந்தைகளுக்கு ஆபத்தை வைக்கிறீர்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் வேண்டாம் என்கிறேன். துருவும் ஓட்டையும் அடுத்த கதை.

கொழுக்குமலை_ஸ்டியரிங்:
இது நியாயமான பேச்சு. பக்கவாட்டில் உட்கார்ந்தவனுக்கு எந்தப் பாரும் காவல் இல்லை.

பீளமேடு_பட்டறை:
அண்ணா சொல்வதில் மறுக்க ஒன்றுமில்லை. நுரை உறை சுற்றலாம், ஆனால் கடையில் விற்கிற மெத்தென்ற ஸ்பாஞ்சு உறை வெறும் அழகுக்கு. பந்தயத்துக்குத் தயாரிக்கிற கெட்டி நுரைதான் அடியை வாங்கும், அதுவும் ஓரளவுக்குத்தான். என் பதில் வேறு. ரோல் பார் போட்டால் இது ரெண்டு பேர் வண்டி. பின்னால் யாரும் உட்காரக் கூடாது. சாமான் மட்டும். பசங்களையும் கூட்டிப் போக வேண்டுமென்றால் பின்னால் முன்னோக்கிப் பார்த்த சீட், தனித்தனி பெல்ட், அவர்களுக்குப் பின்னால் இன்னொரு வளைவு வேண்டும்.

பழசு_பழசாகவே:
அவ்வளவும் செய்தால் அது சி.ஜே.3பி இல்லை. பானெட்டை மட்டும் வைத்துக்கொண்டு வேறு வண்டி கட்டுகிறீர்கள். அதற்குப் பதில் பழைய ஜீப்பைப் பழைய ஜீப்பாகவே ரோட்டில் மெதுவாக ஓட்டுங்கள். பசங்களோடு மலைக்குப் போக வேறு வண்டி எடுங்கள்.

எம்எம்540_மாரி:
அப்படியானால் ஜீப் எதற்கு? மலைக்குப் போகத்தானே அதைச் செய்தார்கள்?

பழசு_பழசாகவே:
செய்தது 1940-களின் கணக்குக்கு, தம்பி. பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டிரைவர் சீட்டுக்கு அடியில். நீங்கள் பெட்ரோல் மேல் உட்கார்ந்து ஓட்டுகிறீர்கள். கவிழ்ந்தால் மூடியிலிருந்து முதலில் ஒழுகுவது உங்கள் மேல்தான். ரோல் பார் இதற்கு என்ன செய்யும்? இந்த வண்டியைப் பாதி வழி மட்டும் நவீனமாக்க முடியாது.

பீளமேடு_பட்டறை:
டேங்க் விஷயத்தை எடுத்தது நல்லது, நானே மறந்துவிடாமல் சொல்ல வேண்டியது. டிரில் போடுவதற்கு முன், கிரைண்டர் எடுப்பதற்கு முன், டேங்கை முழுசாக வண்டியை விட்டு இறக்கிவிட வேண்டும். காலி செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள். காலி டேங்கில் இருக்கிற ஆவிதான் தீப்பொறியில் வெடிக்கும். இறக்கிய கையோடு மூடி ரப்பர், காற்றுக்குழாய், டேங்க் பட்டை எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள். பாதி வழி என்கிறீர்கள் அண்ணா, ஆனால் மண்டை தப்புவதும் தப்பாததும் அந்தப் பாதி வழியில்தான் இருக்கிறது.

ஆழியாறு_ஜீப்:
எல்லோர் சொன்னதையும் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். முடிவு இது. பார் போடுகிறேன், போல்ட்டில் மட்டும், சேஸிஸில் வெல்டிங் கிடையாது. ரெண்டு சீட்டுக்கும் பெல்ட். பசங்க இந்த ஜீப்பில் மலைக்கு வர மாட்டார்கள். தோப்புக்குள்ளும் பின்னால் ஏற மாட்டார்கள், பெரியவனுக்கு அதில் கோபம். விண்டேஜ் பதிவு எனக்கு வேண்டாம், வண்டி ஓட வேண்டும்.

பழசு_பழசாகவே:
எனக்கு இன்னும் சம்மதமில்லை. ஆனால் செய்வதென்றால் ஒரு உதவி செய்யுங்கள். ஓட்டை போடும் முன் வீல் ஆர்ச், தரை எல்லாவற்றையும் அளவு டேப் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். ஓட்டை விளிம்பைப் பச்சைத் தகடாக விடாமல் ரெட் ஆக்ஸைடு அடித்து, சீலன்ட் வைத்து, அப்புறம் போல்ட் முடுக்குங்கள். ஹூட் கம்பிகளை வெட்ட விடாதீர்கள். அது ஒரிஜினலாக இருந்தால் இன்று கிடைக்காது.

பீளமேடு_பட்டறை:
வெட்ட மாட்டேன் அண்ணா. தம்பி, வரும்போது ஹூட், கம்பி எல்லாம் மாட்டியே கொண்டு வாருங்கள். சீட்டில் நீங்களே உட்கார வேண்டும், ஹெல்மெட் இருந்தால் அதோடு. தலைக்கு மேல் மூன்று அங்குலம் விட்டு வளைவின் உயரத்தைக் குறிப்பேன். வளைவின் உச்சியிலிருந்து பானெட் வரைக்கும் ஒரு கயிறு கட்டிப் பார்ப்போம். உங்கள் தலை அந்தக் கயிற்றுக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் சீட்டைத்தான் இறக்க வேண்டும், டேங்க் அடியில் இருப்பதால் அது கொஞ்சம் வேலை வைக்கும்.

ஆழியாறு_ஜீப்:
நான் ஆறடி. வளைவு ஹூட்டைத் தாண்டித்தான் நிற்கும் போலிருக்கிறது. கோவை, பொள்ளாச்சிப் பக்கம் பழைய ஜீப்புக்குக் கித்தான் ஹூட் அளவெடுத்துத் தைக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ரெக்சின் வேண்டாம்.