இம்பல்ஸ் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடுகிறது: காயிலா, பெட்ரோலா? (பட்ஜெட் 15,000)

மடிப்பாக்கம்_மண்வண்டி:

வணக்கம் நண்பர்களே. சித்தப்பாவின் 2012 மாடல் ஹீரோ இம்பல்ஸ் இப்போது என் கையில் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பார்க்கிங்கில் சீட் வரைக்கும் தண்ணீர். அதற்கப்புறம் அந்த வண்டியை யாரும் தொடவில்லை. காயலான் கடைக்குப் போட இருந்தார், நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மண்ணுக்கும் ரோட்டுக்கும் பொதுவாக, நம்மால் வாங்க முடிகிற விலையில் அந்தக் காலத்தில் வந்த வண்டி இது. இதைக் கிலோ கணக்கில் எடை போட்டு விற்க எனக்கு மனசு வரவில்லை.

வேலை எல்லாம் வீட்டு மாடியிலும் பார்க்கிங்கிலும்தான். மொத்த பட்ஜெட் 15,000 ரூபாய். அதில் ஐந்தாயிரத்துக்கு மேல் செலவாகிவிட்டது.

இதுவரை செய்தது: இன்ஜின் ஆயிலை வடித்தபோது பால் ஊற்றின டீ மாதிரி வந்தது. மலிவான ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு வடித்தேன். நிறம் தெளியும்வரை அப்படியே செய்து, கடைசியில் நல்ல ஆயில் ஊற்றினேன். பிளக், பேட்டரி, ஏர் ஃபில்டர் மூன்றும் புதுசு. கார்பரேட்டரைக் கழற்றி ஜெட் எல்லாம் ஊதிச் சுத்தம் செய்துவிட்டேன்.

இப்போது பிரச்சினை. காலையில் சோக் போட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. தெருவில் அருமையாக ஓடுகிறது. மேடவாக்கம் ரோட்டில் ஏறிப் பத்து, பதினைந்து நிமிடம் போனால் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. ஓரமாக நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. மறுபடி அதே கதை.

பக்கத்தில் ஒரு மெக்கானிக் கடையில் காட்டினேன். ஓட்டிப் பார்க்காமலே, சிடிஐ (ஸ்பார்க்கை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டி), இக்னிஷன் காயில் (பிளக்குக்குக் கரண்ட் தருவது) இரண்டும் போய்விட்டது, இன்ஜினையும் இறக்கி போர் போட (சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட) வேண்டும், 22,000 ஆகும் என்கிறார். அவ்வளவு என்னால் முடியாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

டூஸ்ட்ரோக்_காதலன்:

ப்ரோ, சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்றால் காயில்தான். என் பழைய வண்டியில் அப்படியே இருந்தது, காயில் மாற்றினேன், சரியாகிவிட்டது. புதுப்பேட்டையில் செகண்ட் ஹேண்ட் எடுத்தால் மலிவாக முடியும். இன்ஜின் 149.2 சிசி, ஹீரோவின் ஹங்க், சிபிஇசட் எக்ஸ்ட்ரீம் வண்டிகளின் குடும்பம். அதனால் இன்ஜின் சாமான் கிடைப்பதில் பிரச்சினை இல்லை. பிளாஸ்டிக் சாமான்தான் கிடைக்காது, இருப்பதை உடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரை_ரைடர்:

தம்பி, ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள், முதலில் சோதனை. பட்ஜெட் குறைவாக இருக்கும்போது ஊகத்தில் சாமான் வாங்குவதுதான் பணத்தைத் தின்னும். காயில் மாற்றினால் சரியாகலாம். ஆகாவிட்டால் அடுத்து சிடிஐ, அதற்கடுத்து கார்பரேட்டர் என்று வரிசையாகப் போகும்.

முதல் கேள்வி, வண்டி எப்படி நிற்கிறது? நன்றாக ஓடிக்கொண்டே இருந்து படக்கென்று கட் ஆகிறதா, இல்லை திணறித் திணறி, ஆக்ஸிலரேட்டர் முறுக்க முறுக்க இன்னும் மோசமாகி நிற்கிறதா? படக்கென்று என்றால் கரண்ட் பக்கம் பாருங்கள்: காயில், பல்ஸர் காயில் (ஸ்பார்க் எப்போது வர வேண்டும் என்று சிக்னல் தருவது), சிடிஐ, இக்னிஷன் சுவிட்ச், கில் சுவிட்ச். வெள்ளத்தில் நின்ற வண்டி என்பதால் வயரிங் சாக்கெட்டுகளில் பச்சை பூத்திருக்கும், அதையும் பாருங்கள். திணறி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் பக்கம்.

பிளக் ஸ்பேனர், ஒரு உதிரி பிளக், சின்ன ஸ்க்ரூ டிரைவர், ஒரு கண்ணாடி பாட்டில் எடுத்துக்கொண்டு போங்கள். வண்டி நின்ற உடனே, ஆற விடாமல், இந்த வரிசையில் செய்யுங்கள்.

பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால் மூடியில் உள்ள காற்று ஓட்டை அடைத்திருக்கிறது. டேங்கில் காற்று புகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது.

அடுத்து, ஓடின பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. உதிரி பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் உடலை இன்ஜினில் ஒட்டவைத்துக் கிக்கர் அடித்து ஸ்பார்க் பாருங்கள். பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வேண்டாம், அங்கே பெட்ரோல் ஆவி வரும்.

கடைசியாகக் கார்பரேட்டர் அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்திப் பாட்டிலில் பிடியுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும், பெட்ரோலை அதன்மேல் சிந்தவிடாதீர்கள். சரசரவென்று ஊற்ற வேண்டும்.

கிக்கர் வழக்கத்தைவிட லேசாக இறங்கினால் அதையும் சொல்லுங்கள். டேப்பட் (வால்வு இடைவெளி) டைட்டாக இருந்தால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் போய்விடும். அதற்கும் போர் போட வேண்டியதில்லை, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் ஒன்று போதும்.

மடிப்பாக்கம்_மண்வண்டி:

ரொம்ப நன்றி அண்ணா. சொன்ன வரிசையிலேயே பார்த்தேன்.

திணறித்தான் நிற்கிறது. படக்கென்று இல்லை. டேங்க் மூடியைத் திறந்தபோது சத்தம் எதுவும் இல்லை, திறந்துவைத்து ஓட்டினாலும் நிற்கிறது. பிளக் முனை காய்ந்திருந்தது. ஸ்பார்க் நீலமாக, பளிச்சென்று வந்தது. கிக்கர் எப்போதும்போல இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்தால் கொஞ்சம் வழிந்து, அப்புறம் சொட்டு சொட்டாக வந்தது. ரிசர்வில் போட்டால் இன்னும் சீக்கிரம் நிற்கிறது.

பாட்டிலில் பிடித்த பெட்ரோலைக் கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்தேன். அடியில் காப்பிப் பொடி நிறத்தில் மாவு மாவாக ஒரு படலம். காந்தத்தைப் பாட்டிலுக்கு வெளியே வைத்து நகர்த்தினால் அந்த மாவில் கொஞ்சம் கூடவே நகர்கிறது. கார்பரேட்டரைத்தான் சுத்தம் செய்தேனே, மறுபடி எப்படி?

அம்பத்தூர்_லேத்:

தம்பி, அது டேங்கிலிருந்து வருகிறது. கார்பரேட்டரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் மேலிருந்து துரு வந்துகொண்டேதான் இருக்கும்.

உங்கள் வண்டி சூட்டினால் நிற்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெட்ரோல் டேப்பின் மேல்முனை டேங்குக்குள் நீண்டிருக்கும், அதில் ஒரு சல்லடை உண்டு. வண்டி ஓடும்போது பெட்ரோல் அந்த வழியாக இறங்குகிறது, துரு மாவு அதோடு வந்து சல்லடையில் படிகிறது. கால் மணி நேரத்தில் சல்லடை மூடிக்கொள்ளும். வண்டி நின்றால் ஓட்டம் நிற்கும், படிந்த மாவு உதிர்ந்து கீழே போகும், வழி திறந்துகொள்ளும். நீங்கள் டீ குடிக்கும் நேரத்தில் இன்ஜின் ஆறுவதும் நடக்கிறது, மாவு உதிர்வதும் நடக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் என்பதால் பழி சூட்டின்மேல் விழுகிறது. ரிசர்வுக்கான வழி டேங்கின் அடிமட்டத்திலிருந்து எடுக்கும், துரு அதிகம் கிடப்பது அங்கேதான். அதனால்தான் ரிசர்வில் சீக்கிரம் நிற்கிறது.

உறுதி செய்ய ஓட்டவே வேண்டாம். காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது கார்பரேட்டருக்குப் போகும் டியூபைக் கழற்றிக் கேனில் விட்டு டேப்பைத் திறந்துவிடுங்கள். முதலில் நன்றாக ஊற்றி, பிறகு மெலிந்துகொண்டே வந்தால் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. காயில், சிடிஐ, போர் எல்லாம் மறந்துவிடலாம்.

மடிப்பாக்கம்_மண்வண்டி:

அப்படியேதான் நடந்தது ஐயா! இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே இல்லை, விரல் தடிமனுக்கு வந்தது போகப் போக நூலாகிவிட்டது. டேங்கை எப்படிச் சுத்தம் செய்வது? டாய்லெட் ஆசிட் ஊற்றச் சொல்லி ஒருவர் சொல்கிறார்.

அம்பத்தூர்_லேத்:

அதைத் தொடவே தொடாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். துருவோடு நல்ல தகட்டையும் தின்னும், புகை நெஞ்சைப் பிடிக்கும், கழுவி முடிப்பதற்குள் மறுபடி துரு பிடிக்கும்.

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு கேளுங்கள், சிட்ரிக் ஆசிட்தான் அது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் போதும். டேங்கைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோங்கள், பக்கத்தில் நெருப்பு, பீடி, சிகரெட் எதுவும் கூடாது. பெட்ரோலை முழுக்க வடித்து, சோப்புத் தண்ணீரில் கழுவி வாசனை போகவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆசிட் துருவைத் தொடாது. டேப்பையும், அளவு காட்டும் ஃப்ளோட் யூனிட் இருந்தால் அதையும் கழற்றி, ஓட்டைகளை ரப்பர் வைத்து அடையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கழுத்து வரை நிரப்புங்கள். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு உண்டாகும், வெளியே போக வழி வேண்டும். ஒரு ராத்திரி விட்டுக் காலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத் தகடு தெரிய வேண்டும். பத்தாவிட்டால் புதிதாகக் கரைத்து இன்னொரு முறை. பெயின்ட் மேல் வழிந்தால் உடனே தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

இனிமேல்தான் அவசரம். வடித்ததும் தண்ணீர், அடுத்து ஆப்ப சோடா கரைத்த தண்ணீர், மறுபடி நல்ல தண்ணீர். உடனே காய வைக்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரத் தகடு கொஞ்ச நேரத்திலேயே ஆரஞ்சு நிறமாகும். நல்ல வெயில் நாளாகப் பாருங்கள், ப்ளோயர் வைத்து ஊதுங்கள். காய்ந்ததும் கொஞ்சம் பெட்ரோலில் 2டி ஆயில் (டூஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) கலந்து உள்ளே எல்லாப் பக்கமும் படும்படி உருட்டுங்கள்.

டூஸ்ட்ரோக்_காதலன்:

உள்ளே எப்பாக்ஸி கோட்டிங் அடித்துவிட்டால் நிரந்தரமாக முடிந்துவிடுமே ஐயா?

அம்பத்தூர்_லேத்:

ஊசி ஓட்டை விழுந்த டேங்குக்கு வேறு வழியில்லை, அடிக்கலாம். ஓட்டை இல்லாத டேங்குக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே சரியாகச் சுத்தம் ஆகாமல் அடித்தால் பின்னால் தோல் தோலாக உரிந்து டேப்பை அடைக்கும். இப்போதுள்ள பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் வேறு. அது ஈரத்தை இழுக்கும், எல்லாக் கோட்டிங்கும் அதைத் தாங்காது. பழைய பெட்ரோல் டியூபையும் மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் டேங்கை நிரப்பியே வையுங்கள், காற்று இருக்கும் இடத்தில்தான் உள்ளே வியர்க்கும்.

இசிஆர்_அக்கா:

இன்ஜின் பக்கம் வழி கிடைத்துவிட்டது, மகிழ்ச்சி. ஆனால் தம்பி, மிச்சப் பணத்தைப் பெயின்ட், ஸ்டிக்கருக்குப் போடாதீர்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியில் என்னைப் பயமுறுத்துவது பிரேக்கும் பேரிங்கும்தான்.

முன் டிஸ்க் பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் தன்மை உள்ளது. பழசை முழுக்க வெளியேற்றி, ஹேண்டிலில் உள்ள மாஸ்டர் சிலிண்டர் (பிரேக் ஆயில் டப்பா) மூடியில் என்ன தரம் போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். கேலிபர் பிஸ்டன் (பிரேக் பேடைத் தள்ளுவது) விரலால் அழுத்தினால் உள்ளே போகிறதா பாருங்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுற்றுங்கள். கரகர என்று கையில் உணர்ந்தால் பேரிங் போய்விட்டது, இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ள பேரிங்காக வாங்குங்கள். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் போல்ட்டை உருவி கிரீஸ் வைக்காமல் விடாதீர்கள், இன்று விட்டால் அடுத்த வருடம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3516 என்றால் 2016ஆம் வருடம் 35வது வாரம் செய்தது. டயர் பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் ரப்பர் வெடித்திருந்தால் ஓட்டாதீர்கள்.

ஆர்.சி.யையும் எடுத்துப் பாருங்கள். பதிவு செய்து 15 வருடம் முடிந்தால் எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும், 2012 வண்டி என்றால் 2027. பெயர் மாற்றத்தை இப்போதே செய்துவிடுங்கள். ஓட்டிப் பார்க்கிறேன் என்று நன்மங்கலம் காட்டுப் பக்கமோ பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குள்ளோ இறங்கிவிட வேண்டாம், ப்ளீஸ். அதெல்லாம் வனத்துறை இடம், பறவைகள் இருக்கிற இடம்.

மடிப்பாக்கம்_மண்வண்டி:

அப்டேட். டேங்கிலிருந்து வடித்த தண்ணீர் கறுப்பும் பச்சையுமாக வந்தது. டேப்பைக் கழற்றிப் பார்த்தால் சல்லடையின் ஒரு பக்கம் முழுக்கத் துருப் பசை, நகத்தால் சுரண்டினால் கட்டியாக வந்தது. புது டேப், புது டியூப், நடுவில் ஒரு சின்ன ஃபில்டர், எலுமிச்சை உப்பு, ஆப்ப சோடா எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்தது. நேற்று தாம்பரம் போய் வந்தேன், எங்கேயும் நிற்கவில்லை, திணறவும் இல்லை. அண்ணா, ஐயா, அக்கா, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அக்கா சொன்னபடி பார்த்ததில் முன் சக்கரத்தில் கரகர சத்தம் இருக்கிறது, பேரிங் மாற்றப்போகிறேன். முன் ஃபோர்க்கில் வலது பக்கம் ஆயில் கசிகிறது. குழாயில் புள்ளி புள்ளியாகத் துரு. சீல் மட்டும் மாற்றினால் போதுமா? அளவு தெரியாமல் எப்படி வாங்குவது?

அம்பத்தூர்_லேத்:

புள்ளி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சீல் ஏறி இறங்கும் பகுதிக்கு மேலே இருந்தால் நைசான எமரித் தாளால் ஆயில் தொட்டுத் தேய்த்துவிட்டு ஓட்டலாம். சீல் உரசும் இடத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது சீலையும் கிழித்துவிடும். அப்போது குழாயை ஹார்டு குரோம் போட்டு கிரைண்டிங் செய்ய வேண்டும், எங்கள் அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கமும் கிண்டியிலும் செய்கிறார்கள். அதற்கு முன் குழாய் வளைந்திருக்கிறதா என்று லேத்தில் வைத்துப் பாருங்கள், வளைந்த குழாய்க்குக் குரோம் போடுவது வீண் செலவு.

சீல் அளவு பழைய சீலின் மேலேயே இருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண். சீலைக் கையில் எடுத்துக்கொண்டு, வண்டிச் சாமான் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோடு போங்கள். கசிவது வலது பக்கம் மட்டும் என்றாலும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றி, இரண்டிலும் ஒரே அளவு புது ஆயில் ஊற்றுங்கள். சனிக்கிழமையே போய்விடுங்கள், ஞாயிறு பல கடை திறக்காது.