லோடு டெவலப்மென்ட் = பதங்காணல்?

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்க வேட்டைத் துப்பாக்கி பற்றிய கையேடு ஒன்றின் பகுதி தமிழாக்கத்துக்கு வந்திருக்கிறது. .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு தோட்டாவுக்கான பழைய ரைஃபிளின் குழலை உள்ளே அகலமாக்கி, புதிதாகப் புரி (குண்டைச் சுழலவைக்கும் திருகுப் பள்ளம்) வெட்டி, பருத்த குண்டுள்ள .35 வீலன் தோட்டாவுக்கு ஏற்றதாக ஆக்கியிருக்கிறார்கள். அதை முதன்முறை சுடுதளத்துக்குக் கொண்டுபோய், எந்தக் குண்டுக்கு எவ்வளவு வெடிமருந்து என்று கண்டறியும் முறைதான் அந்தப் பகுதி. வரைவில் தலைப்பு ‘மீள்துளையிடப்பட்ட துப்பாக்கியின் சுமை மேம்பாடு’ என்று நிற்கிறது. படிப்பவர் லாரியை நினைப்பார், இல்லையென்றால் மின்கம்பியை. ரீபோர், லோடு டெவலப்மென்ட், ஹெட்ஸ்பேஸ் மூன்றுக்கும் சொல் வேண்டும்.

மறுமொழி

ஐயா, ‘சுமை’ வேண்டவே வேண்டாம். இங்கே லோடு என்பது எடை அல்ல. கூடு (தோட்டாவின் பித்தளை உறை), கேப்பு (அதன் அடியில் தீப்பற்றவைக்கும் சிறு மூடி), மருந்து, குண்டு என்ற நான்கும் எந்த வகை, எந்த அளவு, குண்டு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்த ஒரு கணக்கு. திருவிழாவில் வேட்டுக்குழாய் வைப்பவர் மருந்து ‘கெட்டிக்கிறார்’. வினை நம்மிடமே இருக்கிறது. அதிலிருந்து ‘கெட்டிப்பு’ என்று பெயர் எடுக்கலாம்.

டெவலப்மென்டும் இங்கே மேம்பாடு இல்லை. குறைந்த அளவில் தொடங்கி, சிறுகச் சிறுகக் கூட்டி, சரியான இடத்தில் நின்றுகொள்வது. பாகு காய்ச்சுபவர் கம்பிப் பதம் பார்ப்பது இதே செயல்தான்: நெருங்க நெருங்க மெதுவாகப் போக வேண்டும், தாண்டிவிட்டால் தாண்டியதுதான். ஆகவே ‘கெட்டிப்புப் பதங்காணல்’, சுருக்கமாக ‘பதங்காணல்’ என்று முன்வைக்கிறேன். சொல் நிற்குமா என்பதை வேலையை வைத்தே பார்க்கலாம்.

முதலில் ரீபோர். என்ஜின் சிலிண்டருக்கு ரீபோர் செய்தால் மிஞ்சுவது வழவழப்பான துளை. துப்பாக்கிக் குழலில் அது பாதி வேலைதான். துளையை 0.300 அங்குலத்திலிருந்து 0.350-க்குக் குடைந்த பிறகு, பழைய புரி முழுதும் போய்விட்டதா என்று பார்த்து, 0.358 அங்குலப் பள்ளங்களோடு புதுப் புரி வெட்ட வேண்டும். தோட்டா அமரும் அறையின் கழுத்துப் பகுதியையும் ரீமர் விட்டு அகலமாக்க வேண்டும். எனவே ‘துளைப்பு’ போதாது, ‘மறுகுடைவு’ என்பேன். புதுக்குழல் மாட்டுவது ‘குழல் மாற்று’, பழைய குழலுக்குள் உறை செருகுவது ‘உட்குழல் செருகல்’. மூன்றும் வேறு வேறு வேலை, சொல்லும் வேறாக இருக்கட்டும். புரியின் மேட்டை ‘வரப்பு’ என்று சொன்னால் விளக்கமே தேவைப்படாது. திருகும் திசைக்கு வலம்புரி, இடம்புரி இருக்கவே இருக்கின்றன.

22 அங்குலக் குழலில் இந்தக் குடைவு ஏறக்குறைய 65 கிராம் எஃகை எடுத்துவிடும். துப்பாக்கி சற்று லேசாகும், உதைப்போ கூடும். மெல்லிய குழலில் குறிக்காட்டியின் திருகுத்துளைகளுக்கு அடியில் எவ்வளவு எஃகு மிஞ்சுகிறது என்று குடைவதற்கு முன்பே அளந்திருக்க வேண்டும்.

சுடுதளத்துக்கு முன் மேசை வேலை. மென்ஈயக் குண்டு ஒன்றை எண்ணெய் தடவி குழல் வழியே தட்டி அனுப்பி மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். போகப் போக எங்காவது இறுகினாலோ சட்டென்று தளர்ந்தாலோ குடைவு சீராக இல்லை என்று பொருள். அறைக்கு செரோசேஃப் உலோகத்தை உருக்கி வார்ப்பு எடுப்பார்கள். ஆறியதும் அது முதலில் சுருங்கிப் பிறகு விரியும், ஊற்றி 1 மணி நேரம் கழித்துத்தான் அறையின் உண்மை அளவைக் காட்டும். அவசரப்பட்டு அளந்தால் அறை சிறியது என்று தவறாக நினைக்க நேரும். குழலில் பழைய .30-06 முத்திரையை அடித்து நீக்கி, புதுப் பெயர் பொறித்திருக்கிறதா என்பதும் முக்கியம். .35 வீலன் தோட்டா .30-06 அறைக்குள் போகாது. .30-06 தோட்டாவோ இந்த அறைக்குள் தாராளமாகப் போகும், அதன் 0.308 குண்டு வரப்பைப் பிடிக்காமல் ஓடும், கூட்டின் கழுத்து கிழியும்.

பதங்காணல் ஏன் புதிதாகத் தொடங்க வேண்டும் என்பதற்கும் காரணம் சொல்ல வேண்டும். கூட்டின் வயிறு அதேதான், வாய் மட்டும் பெரிதாகிவிட்டது. 0.308-க்கும் 0.358-க்கும் குறுக்குப்பரப்பில் ஏறக்குறைய 35 விழுக்காடு வித்தியாசம். வாயு விரிய இடம் சட்டென்று கிடைப்பதால், .30-06-ல் கனமான குண்டுக்கு உகந்த மெதுவாக எரியும் மருந்து இங்கே சோம்பிப் போகும், எரியாத மணிகள் குழலில் மிஞ்சும். ஐஎம்ஆர் 4064, வார்கெட், ரீலோடர் 15 போன்ற நடுத்தர வேக மருந்துகளே வீலனுக்குப் பொருத்தம். அளவு மருந்துக்கு மருந்து மாறும். அதை மருந்து தயாரிப்பாளரின் அட்டவணையில் மட்டுமே பார்க்க வேண்டும், கையேட்டில் நாம் எழுதக்கூடாது. .35 வீலனுக்கு சாமி (SAAMI) என்ற அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு.

சுடுதளத்தில் முதல் வேலை பதங்காணல் அல்ல, பத்திரம் காணல். போல்ட்டை (அறையைப் பின்னாலிருந்து மூடும் தண்டு) கழற்றி, குழல் வழியாக 25 கெஜத்தில் இலக்கைப் பார்த்து தொலைநோக்கியையும் அதே குறிக்குத் திருப்பிவைக்க வேண்டும். பிறகு அட்டவணையின் தொடக்க அளவில் ஒரே ஒரு வேட்டு. கூட்டை எடுத்துப் பார்த்த பிறகுதான் அடுத்தது. 10 வேட்டுவரை இடையிடையே குழலைத் துடைத்து, துணியில் செம்பு நீலமாக எவ்வளவு வருகிறது என்று கவனிக்கலாம். புது வரப்பின் விளிம்பில் வெட்டுச்சொரசொரப்பு இருந்தால் முதலில் நிறைய வரும், பிறகு குறையும். குறையவே இல்லை என்றால் பட்டறைக்குத்தான் திரும்ப வேண்டும். மருந்தைக் கூட்டிக் குறைத்து அதைச் சரிசெய்ய முடியாது.

அதன்பின் ஏணி. தொடக்க அளவிலிருந்து அரை அரை கிரெய்னாக (1 கிரெய்ன் ஏறக்குறைய 0.065 கிராம்) கூட்டி, படிக்கு ஒரு வேட்டு, ஒவ்வொன்றுக்கும் வேகமானி. ரெமிங்டனின் 250 கிரெய்ன் தொழிற்சாலைத் தோட்டாவுக்குச் சொல்லப்பட்ட வேகம் நொடிக்கு 2,400 அடி, 200 கிரெய்னுக்கு 2,675. அட்டவணை உச்ச அளவுக்குச் சொல்லும் வேகத்தை அதைவிடக் குறைந்த மருந்திலேயே எட்டிவிட்டால் அழுத்தமும் எட்டிவிட்டது என்றே கொள்ள வேண்டும். கூட்டில் எந்த அடையாளமும் தெரியாவிட்டாலும் அங்கே நிறுத்த வேண்டும். பதத்தின் முதல் சாட்சி வேகமானி. போல்ட் தூக்கக் கனப்பது, கூட்டின் அடியில் எஜெக்டர் (சுட்ட கூட்டை வெளியே தள்ளும் ஊசி) துளையின் வட்டம் பளபளவென்று பதிவது, கேப்புக் குழி தளர்வது ஆகியவை பிந்தி வரும் சாட்சிகள்.

மறுமொழி

வணக்கம். இலங்கையில் நாங்கள் துப்பாக்கியைத் துவக்கு என்போம். வாய்வழி மருந்திட்டு இடித்துச் சுடுவதற்கு இடியன் என்று பெயர். ஆகையால் ‘கெட்டிப்பு’ எங்களுக்கும் அந்நியமில்லை. ‘வெற்றுக் கூடு’ என்பதைவிட ‘கோது’ நல்லது. சாறு போனபின் மிஞ்சுவது கோது, சுட்டபின் மிஞ்சுவதும் அதுவே. இன்னும் கெட்டிக்காத புதியதைக் கூடு என்றும், சுட்டதைக் கோது என்றும் பிரித்தால் பயன்படும்.

‘பதம்’ பற்றி எனக்கு இரண்டு தயக்கம். கத்தி விரலைப் பதம் பார்த்தது என்றால் காயம் என்று பொருள். துவக்கோடு அந்தத் தொடரைச் சேர்த்தால் விபரீதமாக விளங்கும். ஆகவே ‘பதம் பார்த்தல்’ எங்குமே வரக்கூடாது, ‘பதங்காணல்’ மட்டும். இரண்டாவது தயக்கம் பெரியது. பதம் என்றதும் கைப்பதம், கண்பதம் என்ற எண்ணம் வரும். இந்த வேலையில் கைப்பதத்துக்கு இடமே கிடையாது. தராசு, வேகமானி, அட்டவணை எல்லை மூன்றும் இல்லாமல் செய்வதை அந்தச் சொல்லால் அழைக்கக்கூடாது என்று வரையறையிலேயே எழுதவேண்டும்.

கேப்பு தட்டையாவதை அழுத்த அடையாளமாக நம்பக்கூடாது என்றும் சேருங்கள். கோதுக்கும் அறைக்கும் இடைவெளி அதிகம் இருந்தால், சாதாரண அழுத்தத்திலேயே கேப்பு முதலில் பின்னுக்கு வந்து, பிறகு கோதின் அடி வந்து அதை நசுக்கும். பார்வைக்கு மிகையழுத்தம் போலவே இருக்கும். மருந்தைக் குறைத்தால் குணமாகாது. மிகக் குறைந்த அளவில் கேப்பு வெளியே துருத்திக்கொண்டே நின்றுவிடும்.

வீலனில் இது சிறப்பாகக் கவனிக்க வேண்டியது. .30-06 கூட்டின் தோளில் (உடல் கழுத்துக்குக் குறுகும் சரிவு) கழுத்துக்கு வெளியே சுற்றிலும் ஏறக்குறைய 1.3 மி.மீ. படி இருக்கும். கழுத்தை அகட்டியதும் அது 0.7 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். கூடு அந்தச் சிறு படியில்தான் தங்குகிறது. சுட்ட கூட்டை அழுத்தி அளவமைக்கும் அச்சான டையைக் கண்மூடி அடிவரை இறக்கினால் தோள் பின்னுக்குப் போய், ஒவ்வொரு வேட்டுக்கும் கூடு நீளும். அடியிலிருந்து ஏறக்குறைய 1 செ.மீ. மேலே ஒரு பளபளப்பான வளையம் தெரியும். நுனி வளைத்துக் கூராக்கிய கம்பியை உள்ளே விட்டு மெல்ல மேலே இழுத்தால், அந்த இடத்தில் நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து எழும். அந்தக் கோதை நசுக்கி எறிந்துவிட வேண்டும், அடுத்த வேட்டில் இரண்டாக அறும்.

வழி இதுதான்: கழுத்தை முதலில் 0.375 அங்குலத்துக்கு அகட்டி, பிறகு 0.358-க்குச் சிறிது சிறிதாகச் சுருக்கி, போல்ட் லேசான பிடிப்போடு மூடும் இடத்தில் நிறுத்துவது. இதனால் கழுத்தடியில் ஒரு போலித்தோள் நிற்கும், முதல் வேட்டில் கூடு அறையின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். அதன்பின் தோளை 0.03 முதல் 0.05 மி.மீ. மட்டும் தள்ளினால் போதும். இப்படி ஆக்கிய கூட்டின் அடியில் பழைய .30-06 எழுத்தே இருக்கும் என்பதால் தனிப்பெட்டியும் பெயர்ச்சீட்டும் கட்டாயம்.

மறுமொழி

ஐயா சொன்ன இரண்டு தயக்கத்தையும் ஏற்கிறேன். வரையறை இப்படி இருக்கலாம்: ‘பதங்காணல்: குறிப்பிட்ட ஒரு குழலுக்கு, வெளியிடப்பட்ட அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து உச்ச அளவைத் தாண்டாமல், எடையும் வேகமும் அளந்து, கெட்டிப்பைப் படிப்படியாகத் தேர்ந்தெடுத்தல்.’ ‘குறிப்பிட்ட ஒரு குழலுக்கு’ என்பதை எடுத்துவிடாதீர்கள். ஒரு துப்பாக்கியில் கண்ட பதம் இன்னொன்றுக்கு ஆகாது. மறுகுடைவு செய்ததற்கோ பழைய தன் பதமே ஆகாது.

ஹெட்ஸ்பேஸுக்கு ‘தலையிடைவெளி’ என்று சில பட்டியல்களில் பார்க்கலாம். அது இடறல். அங்கே ஹெட் என்பது கூட்டின் அடி, நாம் தலை என்றால் குண்டு இருக்கும் முனையை நினைப்போம். போல்ட் முகத்திலிருந்து கூடு அறையில் எங்கே முட்டி அமர்கிறதோ அதுவரை உள்ள நீளம் அது. ‘அமர்வளவு’ போதும். தோளில் அமர்வது தோளமர்வு, விளிம்பில் அமர்வது விளிம்பமர்வு என்று கிளைத்துக்கொள்ளும்.

பதத்தைத் தேர்வது பற்றிய பத்தியிலும் ஒரு திருத்தம். மூன்று வேட்டுத் தொகுதிகளை வைத்து ‘இதுதான் சிறந்தது’ என்று வரைவு முடிவுகட்டுகிறது. மூன்று வேட்டு நெருங்கி விழுவது தற்செயலாகவும் நடக்கும். மூன்று மூன்றாகச் சுட்டு மோசமானவற்றைக் கழிக்கலாம், எஞ்சிய ஒன்றிரண்டைப் பத்துப் பத்து வேட்டில் உறுதிசெய்ய வேண்டும். மெல்லிய வேட்டைக்குழல் சூடேறினால் குறி நகரும் என்பதால் வேட்டுக்கு வேட்டு இரண்டு மூன்று நிமிடம் ஆறவிடுவது நல்லது. எல்க், மூஸ் போன்ற பெரிய மான் வேட்டைக்கான துப்பாக்கியில் 100 கெஜத்தில் வேட்டுகள் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தால் தாராளம். அதைவிட, ஆறிய குழலின் முதல் வேட்டு வெவ்வேறு நாளில் ஒரே இடத்தில் விழுகிறதா என்பதே மேலான கேள்வி. தோட்டாவின் முழு நீளம் 3.340 அங்குலத்தைத் தாண்டாமல், தோட்டாப்பெட்டியில் ஏறி இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். உதைப்பில் குண்டு பின்னுக்குப் போகாதிருக்க, குண்டின் வரிப்பள்ளத்தில் கழுத்தை லேசாக மடிப்பது உதவும்.

கடைசியாக அலகு. கிரெய்னுக்கு ‘குன்றிமணி’ என்று ஒரு பழைய பட்டியலில் இருக்கிறது. பொற்கொல்லர் தராசில் ஒரு குன்றிமணி ஏறக்குறைய 2 கிரெய்ன், விதைக்கு விதை மாறவும் செய்யும். மருந்து நிறுக்க அது உதவாது. கிரெய்ன் கிரெய்னாகவே இருக்கட்டும். வரைவின் மூன்றாம் பத்தியில் ‘250 கிராம் குண்டு’ என்று இருப்பதை இன்றே மாற்றிவிடுங்கள். 250 கிரெய்ன் என்பது 16.2 கிராம். குண்டில் அந்தப் பிழை எவர் கண்ணுக்கும் பட்டுவிடும், மருந்து வரியில் வந்தால் படாமல் போகலாம். ஆகவே ‘கிராம்’ வரும் ஒவ்வொரு இடத்தையும் மூலத்தோடு எண் எண்ணாக ஒப்பிட்டுப் பார்த்தபின் அனுப்புங்கள்.