ஃபைல் சிஸ்டம் புராஜெக்டுக்கு சைட்: வீட்டு சர்வரா, கிட்ஹப் பேஜஸா?

பெரம்பூர்_பைட்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க எழுதுறது ஒரு சின்ன ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்ல ஃபைல்களை அடுக்கி வைக்கிற முறை). கர்னலுக்கு வெளிய ஃபைல் சிஸ்டத்தை ஓட விடுற ஃப்யூஸ் மேல ஓடுது, ஜிபிஎல் 2 உரிமம், கோட் கிட்ஹப்ல இருக்கு. 0.3 வெளியிடுறதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு சைட் வேணும். வேர்ட்பிரஸ் போதுமா, இல்ல ஹ்யூகோ மாதிரி, பக்கங்களை முன்னாடியே செஞ்சு தர்ற கருவி எதுக்காவது போகணுமா? கொடுங்கையூர்ல ஒரு பழைய டெஸ்க்டாப் சும்மா கிடக்கு, அதையே சர்வர் ஆக்கினா செலவு மிச்சம்னு ஒரு பேச்சு. சோர்ஸ் டார்பால் (கோட் மொத்தத்தையும் கட்டின ஒரே ஃபைல்), 1 ஜிபி டெஸ்ட் இமேஜ் (ஒரு டிஸ்க் மாதிரியே மவுண்ட் பண்ணிப் பாக்குற ஃபைல்) ரெண்டையும் எங்க வைக்கிறது? வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் படிக்கிற பசங்களும் பயன்படுத்துவாங்க, அதனால தமிழ்ப் பக்கங்களும் இருக்கும்.

காசிமேடு_ஐநோட்:

டெஸ்க்டாப்பை பில்டுக்கு வச்சுக்குங்க ப்ரோ, சைட்டுக்கு வேணாம். ரவுட்டருக்குள்ள போய் வேன் ஐபி (இணையப் பக்கம் இருக்கிற முகவரி) என்னன்னு பாருங்க. 100.64-ல இருந்து 100.127 வரைக்குள்ள ஆரம்பிச்சா நீங்க சிஜிநாட்டுக்கு, அதாவது பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியைப் பகிர்ற ஏற்பாட்டுக்குப் பின்னாடி இருக்கீங்க. வெளியில இருந்து ஐபிவி4 இணைப்பு உள்ள வரவே வராது, போர்ட் ஃபார்வர்டு எத்தனை போட்டாலும் சரி. அது இல்லேன்னாலும், மழையில தெருவுல தண்ணி நின்னா முதல்ல கரண்டைத்தான் நிறுத்துவாங்க. டேட்டா போய் பதறிக்கிட்டு வர்றவன் உங்க சைட்டைத் தேடுறப்ப அது படுத்திருக்கக் கூடாது.

வேர்ட்பிரஸும் வேணாம். டேட்டாபேஸ், பிஹெச்பி, ப்ளக்இன் அப்டேட்னு நாலு பேர் புராஜெக்டுக்கு அது தேவையில்லாத பாரம். ஹ்யூகோவில் எழுதி, கிட்ஹப்பே சைட் வைக்கத் தர்ற இடமான கிட்ஹப் பேஜஸ்ல வைங்க. சைட் 1 ஜிபிக்குள்ள இருக்கணும், மாசம் 100 ஜிபி பேண்ட்விட்த் வரை தாங்கும். வெறும் எழுத்துப் பக்கங்களுக்கு அது தாராளம்.

சிக்கல் வர்ற இடங்கள் இதுதான். சொந்த டொமைன் இல்லாம புராஜெக்ட் பக்கமா வச்சா முகவரிக்குப் பின்னாடி புராஜெக்ட் பேரும் ஒட்டிக்கும். ஹ்யூகோ கான்ஃபிக்ல பேஸ்யுஆர்எல் (சைட்டோட அடிப்படை முகவரி) அதே பாதையோட இல்லேன்னா சிஎஸ்எஸ் ஏறாது, பக்கம் மொட்டையா வரும். சொந்த டொமைன் போட்டு பிராஞ்ச்ல இருந்து டிப்ளாய் பண்ணினா, சிநேம் ஃபைலை (டொமைன் பேர் எழுதின ஃபைல்) ஸ்டாடிக் ஃபோல்டருக்குள்ள வைங்க. இல்லேன்னா ஒவ்வொரு புஷ்ஷுக்கும் அது அழிஞ்சு டொமைன் கழண்டுக்கும்.

டிஎன்எஸ்ல (டொமைன் பேர் எங்க போகணும்னு சொல்ற பதிவுகள்) டபிள்யுடபிள்யுடபிள்யுக்கு சிநேம் ரெக்கார்டு, அது இன்னொரு பேரைக் காட்டும். வெறும் டொமைனுக்கு சிநேம் போட முடியாது, அங்க எஸ்ஓஏ, என்எஸ் ரெக்கார்டுகள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். அதுக்கு 185.199.108.153-ல இருந்து 185.199.111.153 வரை நாலு ஏ ரெக்கார்டு, அது ஐபியையே காட்டும். மாத்துறதுக்கு முந்தின நாளே டிடிஎல்லை (பழைய பதிவை எத்தனை விநாடி நினைவுல வைக்கலாம்ங்கிறது) 300 ஆக்கிடுங்க. சிஏஏ ரெக்கார்டு (யார் சான்றிதழ் தரலாம்னு சொல்றது) ஏதாவது இருந்தா அதுல கிட்ஹப்புக்கு சான்றிதழ் தர்ற லெட்ஸ் என்கிரிப்ட்டும் இருக்கணும், இல்லேன்னா சான்றிதழ் கிடைக்காது, காரணமும் சட்டுனு பிடிபடாது. டொமைன் கணக்கு ஒருத்தர் ஈமெயிலை மட்டும் நம்பி இருக்க வேணாம்.

இன்னொண்ணு, ஃபைல் சிஸ்டம் எழுதுறவங்களுக்கே இது நடக்கும்: விண்டோஸ்ல ஸ்டாடிக் ஃபோல்டர்ல ஒரு படத்தோட பேரை ஆங்கிலப் பெரிய எழுத்துல சேமிச்சு, லிங்கைச் சின்ன எழுத்துல கொடுத்திருப்பீங்க. உங்க மெஷின்ல திறக்கும், லினக்ஸ்ல 404.

டார்பால்_ராயபுரம்:

டவுன்லோட் பத்தி மட்டும் சொல்றேன். கிட்ஹப் தானா உருவாக்கித் தர்ற சோர்ஸ் ஆர்க்கைவை நம்பி செக்சம் (ஃபைல் மாறலைன்னு சரிபார்க்கிற எண்) வெளியிடாதீங்க. 2023 ஜனவரியில கிட்ஹப் தன்னோட கிட் பதிப்பை மாத்தினப்ப ஜிஜிப் சுருக்குற விதம் மாறி, பழைய ரிலீஸ்களோட செக்சம் எல்லாம் பொருந்தாம போச்சு. நிறைய பில்டு உடைஞ்சது, உடனே பழையபடி திருப்பினாங்க. டார்பாலை நீங்களே உருவாக்கி, ரிலீஸோட இணைப்பா ஏத்துங்க. ஒரு ஃபைல் 2 ஜிபிக்குக் கீழ இருந்தா போதும்.

ஜிபிஜி கையெழுத்தை (ஃபைல் உங்க கிட்ட இருந்துதான் வந்ததுன்னு காட்டுற டிஜிட்டல் குறி) சுருக்காத டார் மேல போடுங்க, கர்னல் தளத்துல செய்யிற மாதிரி. சுருக்குற முறையை எக்ஸ்இசட்ல இருந்து இசட்எஸ்டிடிக்கு மாத்தினாலும் அதே கையெழுத்து செல்லும். சரிபார்க்கிற கட்டளையை டவுன்லோட் லிங்குக்குக் கீழயே முழுசா எழுதுங்க, தேடிப் போய் யாரும் படிக்க மாட்டாங்க. ஜிபிஜி சாவிக்கு 8 எழுத்து அடையாளம் போடாதீங்க, அதே மாதிரி போலி செய்யிறது சுலபம். 40 எழுத்து ஃபிங்கர்பிரிண்ட் முழுசா, சைட்டுல ஒண்ணு, ரெப்போ ரீட்மீயில ஒண்ணு. ஷா256 மட்டும் இருந்தா டவுன்லோட் பாதியில கெட்டதைத்தான் கண்டுபிடிக்கும். சைட்டுக்குள்ள புகுந்தவன் ஃபைலை மாத்தினா செக்சத்தையும் சேர்த்தே மாத்திடுவான்.

டெஸ்ட் இமேஜ் 1 ஜிபின்னு மலைக்காதீங்க. டிரங்கேட் கட்டளையில உருவாக்கிய இமேஜ்ல பெரும்பகுதி பூஜ்யம்தான். எக்ஸ்இசட் போட்டா சுருங்கிடும். கிட்டுக்குள்ள மட்டும் கமிட் பண்ணாதீங்க, 100 எம்பி தாண்டினா புஷ் ஏறாது.

மிண்ட்_சூப்பர்பிளாக்:

மேல ரெண்டு பேரும் சொன்னது சரி. ஆனா ஃபைல் சிஸ்டம் சைட்டுக்கு ரெண்டு வகை ஆள்தான் வருவாங்க: டேட்டாவை நம்பி ஒப்படைக்கலாமான்னு பாக்குறவன், டேட்டா போயிட்ட பிறகு ஓடி வர்றவன். லோகோவும் பெஞ்ச்மார்க் கிராஃபும் இவங்களுக்கு எதுக்கு?

முதல் ஆளுக்கு முகப்புலயே நாலு வரி: இப்போதைய நிலை சோதனையா, நிலையானதா, எந்த கர்னல், எந்த லிப்ஃப்யூஸ்ல ஓடுது, 0.2 இமேஜை 0.3 படிக்குமா; எது இன்னும் வேலை செய்யலை. "சோதனைக்கு மட்டும், பேக்கப் இல்லாம வைக்காதீங்க"ங்கிறதை அடிக்குறிப்புல ஒளிக்காதீங்க.

டிஸ்க் ஃபார்மட்டுக்குத் தனிப் பக்கம் வேணும். சூப்பர்பிளாக் (ஃபைல் சிஸ்டத்தோட அடிப்படைத் தகவல் இருக்கிற இடம்) எந்த பைட்டுல, மேஜிக் எண் (இது எந்த ஃபைல் சிஸ்டம்னு காட்டுற அடையாளம்) என்ன, லிட்டில் எண்டியனா (எண்ணோட கடைசி பைட் முதல்ல) பிக் எண்டியனா, எந்த ஃபீச்சர் ஃப்ளாக் (எந்தெந்த வசதி பயன்படுதுன்னு சொல்ற குறி) தெரியலேன்னா மவுண்ட்டை மறுக்கணும், எதுக்கு வாசிக்க மட்டும் விடலாம். லினக்ஸ்ல பரவலா இருக்கிற ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தை எடுத்துக்குங்க: சூப்பர்பிளாக் 1024-வது பைட்டுல தொடங்கும், அதுக்குள்ள 56-வது பைட்டுல ஈஎஃப்53. லிட்டில் எண்டியன்ங்கிறதால ஹெக்ஸ்டம்ப்ல பைட் பைட்டா பார்த்தா 53 ஈஎஃப்னுதான் தெரியும். இது எழுதி வச்சிருக்கிறதாலதான் மத்தவங்க மீட்புக் கருவி எழுத முடியுது. டாக்ஸ் கோட் இருக்கிற அதே ரெப்போவுல இருக்கட்டும், ஃபார்மட்டை மாத்துற புல் ரெக்வெஸ்ட் (கோட் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கிறது) அந்தப் பக்கத்தையும் மாத்தலேன்னா மெர்ஜ் பண்ணாதீங்க.

ரெண்டாவது ஆள் செல்போன்ல இருந்துதான் படிப்பான், அவன் மெஷின் பூட் ஆகலையே. மீட்புப் பக்கத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் வேணாம், படம் வேணாம். முதல் வரி: "எஃப்எஸ்செக் (டிஸ்க்கை ரிப்பேர் செய்யும் கருவி) இப்போதே ஓட்டாதீர்கள்." அப்புறம் அன்மவுண்ட், வேற டிஸ்க்குக்கு கெட்ட டிஸ்க்கை நகலெடுக்கிற டிடிரெஸ்க்யூவில் முழு நகல், முதல் சுத்து -என் (கெட்ட இடங்களைச் சுரண்டாம), எதுவரை படிச்சதுன்னு குறிக்கிற மேப் ஃபைலோட, ரெண்டாவது சுத்து -ஆர்3 (கெட்ட இடங்களை மூணு தடவை மறுபடி). ரிப்பேர் எதுவா இருந்தாலும் நகல் மேலதான். நகல் போற டிஸ்க் எஃப்ஏடி32-ஆ இருந்தா 4 ஜிபியில நின்னுடும், பெண்டிரைவ் வச்சிருக்கிற பசங்க மாட்டுறது இங்கதான். பிடிஆர்எஃப்எஸ்னு இன்னொரு லினக்ஸ் ஃபைல் சிஸ்டம், அதுல செக்கை ரிப்பேரோட ஓட்டினா எச்சரிக்கை காட்டி 10 விநாடி காத்திருக்கும். உங்க கருவியிலயும் அப்படி ஒண்ணு வைங்க.

ஒரு பொறி: ஹ்யூகோ தானாவே ரெண்டு ஹைஃபனை ஒரே நீளக் கோடா மாத்தும், மேற்கோள் குறியையும் வளைச்சிடும். கட்டளையை வெறும் வாக்கியத்துக்குள்ள எழுதினா, காப்பி பண்ணினவனுக்கு ஓடாது. எப்பவும் கோட் குறிக்குள்ள எழுதுங்க, இல்ல ஹ்யூகோவுல இந்த மாத்தத்தைச் செய்யிற டைப்போகிராஃபரை அணைச்சிடுங்க.

பெரம்பூர்_பைட்:

ரொம்ப நன்றிங்க. தமிழ்ப் பக்கங்களுக்கு ஃபைல் பேரையும் தமிழ்லயே வைக்கலாமா?

டார்பால்_ராயபுரம்:

தலைப்பு தமிழ்ல, ஃபைல் பேர் ஆங்கில எழுத்துல. 'கோப்பு'ங்கிறது யூனிகோடுல 6 குறி, யுடிஎஃப்-8ல 18 பைட். யுஆர்எல்லை காப்பி பண்ணி ஒட்டினா 54 எழுத்து சதவீதக் குறியோட நீளும், வாட்ஸ்அப்ல அனுப்பினா பாதியில வெட்டினாலும் வெட்டும்.

மிண்ட்_சூப்பர்பிளாக்:

அதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. 'கோ'வை ரெண்டு விதமா சேமிக்கலாம்: ஒரே குறியா, இல்ல இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியா. கண்ணுக்கு ஒண்ணுதான், பைட் வேற. மேக்கோட பழைய ஃபைல் சிஸ்டமான ஹெச்எஃப்எஸ் பிளஸ் பிரிச்சுத்தான் சேமிக்கும். ஈஎக்ஸ்டி4 சாதாரணமா எதையும் மாத்தாது, அதனால ஒரே ஃபோல்டர்ல ரெண்டு 'கோப்பு' இருக்கும், லிங்க் ஒண்ணுக்குத்தான் போகும். லினக்ஸ் 5.2ல வந்த கேஸ்ஃபோல்டு (பெரிய, சின்ன எழுத்து வித்தியாசம் பாக்காத) வசதியை ஃபோல்டருக்குப் போட்டா மட்டும் ரெண்டையும் ஒண்ணா எடுத்துக்கும்.

உங்க ஃபைல் சிஸ்டம் இதுல என்ன செய்யுதுன்னு ஃபார்மட் பக்கத்துல எழுதுங்க. பேருக்கு 255 பைட் வரம்புன்னா தமிழ்ல 85 குறிதான், அதையும் சேர்த்து. 0.3 டெஸ்ட் இமேஜுக்குள்ள ரெண்டு 'கோப்பு'வையும் போட்டு வைங்க, யாராவது மவுண்ட் பண்ணி, ஃபைல் பட்டியல் காட்டுற எல்எஸ் கட்டளையை அடிச்சா தெரிஞ்சிடும்.