சாவியை எடுத்த பிறகு புல்வெட்டும் வண்டியில் தீ. எங்கே தேடுவது?

மைதானக்காரன், திருவாரூர்:
வணக்கம். ஒரு பள்ளி மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறேன். உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி, பெட்ரோல், இரட்டை சிலிண்டர், ஏழு வருடப் பழசு. மேட்டூர் மூடியதிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் இல்லை, அருகம்புல் பாதி சருகாகிவிட்டது. போன சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை ஓட்டினேன். தகரக் கொட்டகையில் விட்டு, சாவியை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன். கால் மணி நேரம் இருக்கும், வாட்ச்மேன் கத்துகிறார். பானெட்டின் வலது பக்கம் ஒரு சாண் உயரத்துக்கு நெருப்பு. இரண்டு வாளி தண்ணீர், அப்புறம் மணல். அணைந்துவிட்டது. பானெட் உருகிவிட்டது. பக்கத்திலேயே ஐந்து லிட்டர் பெட்ரோல் கேன் இருந்ததை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

ஒரு மெக்கானிக் ஷார்ட் சர்க்யூட், வயரிங் முழுக்க மாற்று என்கிறார். இன்னொருவர் கார்பரேட்டர் ஒழுகல் என்கிறார். இரண்டரை மணி நேரம் ஓடும்போது பற்றாதது நிறுத்திய பிறகு ஏன் பற்றியது? அதுதான் புரியவில்லை.

பழைய ஸ்பேனர், மன்னார்குடி:
விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது சார். ஓடும்வரை எஞ்சின் மேலே இருக்கும் ஃபேன் காற்றடித்துக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் ஃபேன் நின்றுவிடும், சைலன்சர் சூடு உடனே போகாது. காற்று நின்றதால் அதைச் சுற்றியுள்ள இடம் சில நிமிடங்களுக்கு முன்னைவிட அதிகமாகவே காயும். அங்கே நறுக்கிய காய்ந்த புல் சேர்ந்திருந்தால் உமி மூட்டம் போலக் கொழுந்துவிடாமல் உள்ளுக்குள் கனன்று, காற்றுப் படும் இடம் வந்ததும் குப்பென்று பிடிக்கும். நெல் அவிக்கும் அடுப்பைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் பார்க்காமல் தீர்ப்பு சொல்ல மாட்டேன். சைலன்சர் தகர உறையையும் ஃபேன் மூடியையும் கழற்றிப் பாருங்கள். அதுவரை எதையும் துடைக்காதீர்கள். சாம்பல் எங்கே கிடக்கிறது என்பதும் சாட்சிதான்.

கும்பகோணம் பேட்டரிக்கடை:
வயரிங்கை அவசரப்பட்டு விடுதலை செய்யாதீர்கள். சாவி எடுத்தாலும் பேட்டரியிலிருந்து செல்ஃப் சோலினாய்டு (ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) வரை போகும் தடித்த வயரில் எப்போதும் கரண்ட் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் அதற்கு ஃபியூஸ் கிடையாது. அதனால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து ஷார்ட் இல்லை என்று சொல்ல முடியாது. அந்த வயர் தகர விளிம்பில் உரசும் இடத்தைப் பாருங்கள். செம்பு உருகிக் கடுகு மாதிரி உருண்டை நின்றால் அங்கே பொறி பறந்திருக்கிறது. அதிலும் ஒரு சிக்கல்: வெளி நெருப்பு உறையைத் தின்ற பிறகும் வயர் உரசி உருண்டை வரும். தீ ஆரம்பித்த இடத்திலேயே உருண்டை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மைதானக்காரன், திருவாரூர்:
இன்று கழற்றினேன். தடித்த வயர் இடது பக்கம் போகிறது. ஒரு இடத்தில் உரசல் உண்டு, ஆனால் செம்பு தெரியவில்லை, உருண்டையும் இல்லை. வலது பக்கம் சைலன்சர் உறைக்குள் இரண்டு கைப்பிடி புல். அடிப்பக்கம் வெள்ளைச் சாம்பல், மேலே கருகல். ஃபேன் மூடிக்குள் எலிக்கூடு! வைக்கோல், தென்னை நார், ஏழாம் வகுப்புக் கணக்குத் தாளின் ஒரு துண்டு. சிலிண்டர் மேலுள்ள தகடுகளுக்கு நடுவே பாதி அடைத்துவிட்டது.

இன்னொன்று. பெட்ரோல் டியூபை கிளிப் பக்கத்தில் வளைத்தால் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு. விரலில் ஈரம் ஒட்டவில்லை, வாசனை மட்டும் வருகிறது.

அறுப்புமெஷின் டிரைவர், நீடாமங்கலம்:
அண்ணே, சம்பா அறுப்பு முடிந்ததும் வயல் எலிக்கு வீடு போய்விடும். கொட்டகை, வைக்கோல் போர், வண்டி என்று எதிலும் ஏறும். கூடு அடைத்தால் காற்று போகாது, எஞ்சின் வழக்கத்தைவிடக் கொதிக்கும்.

எங்கள் மெஷினில் வேறு தொல்லை. வைக்கோல் ஷாஃப்டில் சுற்றிக்கொண்டு பேரிங் பக்கம் உரசியே சூடாகும். உங்கள் வண்டியில் பிளேடுக்கு மேலே பெல்ட் ஓடும் இடத்தையும் திறந்து பாருங்கள். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, பெல்ட்டை இறக்கி, புல்லியைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்றால் பேரிங் போய்விட்டது. பெல்ட் ஓரம் பளபளத்துக் கறுத்திருந்தால் வழுக்கியிருக்கிறது. இந்தத் தீ அங்கே பிடிக்கவில்லை, சரி, அடுத்தது பிடிக்கலாம்.

பழைய ஸ்பேனர், மன்னார்குடி:
அப்படியென்றால் என் கணக்கு: கூடு அடைத்து எஞ்சின் சூடு ஏறியது, சைலன்சர் உறைக்குள் இருந்த புல் கனன்றது, நிறுத்தியதும் பிடித்தது. ஷார்ட் இல்லை. உரசிய வயருக்கு மட்டும் ரப்பர் உறை போட்டுக் கட்டுங்கள், முழு வயரிங் செலவு வேண்டாம்.

டியூபை இன்றே மாற்றுங்கள். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிரிலும் பற்றக்கூடிய ஆவி விடும், அந்த வாசனையே போதும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய சிறு எஞ்சின்களின் கையேட்டில் பெரும்பாலும் 10 வரைதான் சம்மதம் இருக்கும். பழைய ரப்பரை அது சீக்கிரம் கெடுக்கும். எத்தனாலுக்குத் தாங்கும் டியூப் என்று கேட்டு வாங்குங்கள், கிளிப்பையும் சேர்த்து.

ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர், தஞ்சாவூர்:
தம்பி, புல் எரிந்ததால் தண்ணீர் கைகொடுத்தது. டியூப் விட்டுப் பெட்ரோல் கொட்டியிருந்தால், அது தண்ணீர் மேலே மிதந்து கொட்டகை முழுக்க நெருப்பைப் பரப்பியிருக்கும். இரண்டு கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பு சிலிண்டர் ஒன்றைக் கொட்டகை வாசலில் மாட்டுங்கள், உள்ளே இல்லை. தீயோடு பானெட்டை முழுசாகத் திறக்காதீர்கள், காற்று புகுந்து கொழுந்துவிடும். லேசாகத் தூக்கி இடுக்கு வழியாக அடியுங்கள். அடங்கவில்லை என்றால் விலகி நின்று 101.

ஓட்டி முடித்ததும் வெளியில் அரை மணி நேரம் ஆறட்டும். பெட்ரோல் ஊற்றுவதும் ஆறிய பிறகே. கேன் வேறு அறைக்குப் போகட்டும்.

மைதானக்காரன், திருவாரூர்:
டியூப், கிளிப் மாற்றியாகிவிட்டது. பிளேடு பக்கம் ஒரு பேரிங் கரகரத்தது, அதுவும் புதுசு. ஒவ்வொரு முறையும் வண்டி ஆறியதும் பிரஷ் போட்டு, கம்ப்ரசர் காற்றில் ஊதுகிறேன். தாளாளர்தான் "வண்டி ஏன் வெயிலில் நிற்கிறது?" என்று தினமும் கேட்கிறார்.

ஒரு சந்தேகம். நேற்று ஃபேன் மூடியில் மறுபடி நாலு வைக்கோல். உள்ளே கொசுவலைக் கம்பி வைத்து அடைக்கலாமா?

பழைய ஸ்பேனர், மன்னார்குடி:
வண்டியில் வேண்டாம் சார். அந்தக் கண்ணில் புல்தூசி அடைத்து, எலி செய்த வேலையை வலை செய்யும். கொட்டகைக் கதவுக்கு அடியில் அரை அங்குல இடைவெளிகூட விடாமல் தகடு அடியுங்கள்.