கட்டுக்கயிறு உரசி போட் பெயிண்ட் போயிட்டே இருக்கு, என்ன பண்றது?

அக்கரைப்பேட்டைக்காரன்:
அண்ணன்மாருக்கு வணக்கம். நம்மது விசைப்படகு, மரம்தான், மேல பைபர் போட்டது, நாகை கடுவையாத்துலதான் கட்டுறோம். இந்த மீன்பிடி தடைக்காலம் 61 நாள்ல கரையில ஏத்தி பழைய பெயிண்ட்ட பூரா தேய்ச்சு எடுத்து, பிரைமர் ரெண்டு கோட்டிங், எனாமல் ரெண்டு கோட்டிங்னு பாத்து பாத்து செஞ்சோம், அணியத்துல, அதான் போட்டோட முன்பக்கத்துல, நம்பர அப்பாவே எழுதுனாரு. மூணு மாசம் ஆகல, வலது பக்கம் அணியத்துல ஒரு சாண் அகலத்துக்கு பெயிண்டும் இல்ல பிரைமரும் இல்ல, ஒரு இடத்துல பைபர் நூலே கையில தட்டுப்படுது. பதிவு நம்பர்ல கடைசி ரெண்டு எழுத்து பாதிதான் தெரியுது. உரசுறது நம்ம கயிறுகூட இல்ல. இடம் பத்தாம மூணு வரிசையா கட்டுறோம்ல, வெளிய நிக்கிற போட்டோட கயிறு நம்ம அணியத்த தாண்டித்தான் கரைக்குப் போகுது. ராத்திரி பூரா கறக் கறக்னு சத்தம், படுத்தா தூக்கம் வரல. டயர் தொங்கவிட்டிருக்கேன், அது போட்டும் போட்டும் இடிக்காம பாக்குது, கயித்துக்கு அது ஒண்ணும் பண்ணல. சாக்கு சுத்துனேன், நாலே நாள்ல கிழிஞ்சு தொங்குது. ஐப்பசி வாடைக்குள்ள ஏதாச்சும் செய்யணும், சொல்லுங்க.

பழையாறு போட்:
தம்பி, பம்புசெட்டுக்கு வயல்ல போடுற டெலிவரி ஹோஸ், தண்ணி இல்லாதப்ப தட்டையா மடியுமே அது, ஒன்றரை முழம் வெட்டி உரசுற இடத்துல கயித்துல கோத்து விடுங்க. ரெண்டு நுனியிலயும் ஓட்ட போட்டு வலை நூல கயித்துப் புரிக்குள்ள விட்டு இறுக்கி கட்டணும், சும்மா கோத்துவிட்டா நழுவி வேற எங்கயாச்சும் போயி நிக்கும். பச்ச சக்ஷன் ஹோஸ் வேணவே வேணாம், அதுல சுருள் சுருளா மேடு இருக்கு, அதுவே பெயிண்ட்ட அறுத்துரும்.

நாகை வேலைக்காரன்:
ஹோஸ் போடுங்க, ஆனா அதுக்கு முன்னாடி அந்த கயித்த ஒரு தடவ உள்ளங்கையில இறுக்கிப் பிடிச்சு உருவிப் பாருங்க தம்பி. நம்ம ஆளுங்க எல்லாத்தையும் நைலான்னுதான் சொல்றோம், தண்ணியில மெதந்துச்சுன்னா அது நைலான் இல்ல, பாலிபுரோப்பிலீன் மாதிரி சமாச்சாரம். வெயில்ல கெடந்து கெடந்து அதோட நூலெல்லாம் வெடிச்சு முள்ளு மாதிரி நிக்கும், அதுக்குள்ள முகத்துவாரத்து மணலும் காஞ்ச உப்பும் ஏறிக்கிச்சுன்னா கயிறு இல்ல அது, உப்புத்தாள்தான். நெசமான நைலான் கொஞ்சம் மெத்துன்னு இருக்கும், நல்லா இழுபடும், போட் வெட்டி இழுக்குறதும் கொறையும். எந்தக் கயிறா இருந்தாலும் வாரம் ஒரு தடவ நல்ல தண்ணியில அலசுங்க.

ரெண்டாவது, எதுக்கு தேயுதுன்னு பாருங்க. கயிறு சும்மா மேல கெடந்தா இவ்வளவு தேயாது, வெளிய நிக்கிற போட் முன்ன பின்ன ஆடுது, அதான் ரம்பம் போட்ட மாதிரி அறுக்குது. அந்த போட் அணியத்துலேந்து உங்க கடையாலுக்கு (பின்பக்கம்) ஒண்ணு, அவங்க கடையாலுலேந்து உங்க அணியத்துக்கு ஒண்ணு, ரெண்டு குறுக்குக் கயிறு போட்டீங்கன்னா அந்த ஆட்டம் பெருசா நின்னுரும். அவங்க கரைக்கயித்தையும் நல்லா முன்னாடி தள்ளி கட்டச் சொல்லுங்க, உங்க அணியத்த தொடாமலே போகும். கேட்டா செய்வாங்க, நாளைக்கு உள்ள நிக்கப்போறது அவங்க போட்தானே. நம்ம பக்கம் கடல் தண்ணி ஏத்தவத்தம் ஒரு மீட்டருக்குள்ளதான், அதனால ரொம்ப தொய்வு விடத் தேவையில்ல, ஆத்துல வெள்ளம் வந்து ஆகாயத்தாமரை அடிச்சுட்டு வர்ற நாள்ல மட்டும் பக்கத்துலயே இருந்து பாத்து விடணும்.

அதுக்கு மேலயும் தொட்டுச்சுன்னா, அந்த விளிம்புல ஸ்டெயின்லெஸ் அரைவட்ட பட்டி அடிச்சுருங்க. 316 கிரேடு கேளுங்க, 304 கிரேடு உப்புக்காத்துல பழுப்பா கறை பிடிக்கும். ஸ்குரூ ஓட்டைக்கு சீலன்ட் வைக்காம அடிக்காதீங்க, உங்களுது மரம், அந்த ஓட்டை வழியா தண்ணி இறங்கி உள்ளயே உளுத்துப்போகும், வெளிய பாத்தா தெரியாது.

கோடியக்கரை பக்கம்:
ஹோஸ் பத்தி ஒண்ணு. 2018 கஜா புயல் அன்னிக்கு எங்க போட்ல இறுக்கமான பிளாஸ்டிக் குழாய்தான் கோத்திருந்தோம், காலையில பாத்தா குழாய் முழுசா இருக்கு, உள்ள கயிறு சூட்டுல உருகி கட்டியாகி அறுந்து கெடக்கு. இழுத்து இழுத்து சூடாகுற கயித்துக்கு தண்ணி படணும். லூசா போடுங்க, ஹோஸ்ல அங்கங்க ஓட்ட போடுங்க. புயல் எச்சரிக்கை வந்தா அத கழட்டிட்டு தடிச்ச படுதாத்துணி சுத்துறது நல்லது.

பெயிண்ட் வேலை, தரங்கம்பாடி:
பைபர் நூல் தெரியிற இடத்த அப்படியே விட்டு கடலுக்கு போகாதீங்க, தண்ணி குடிக்கும். மொதல்ல நல்ல தண்ணி ஊத்தி உப்பு போக கழுவி, நல்லா காஞ்சப்புறம்தான் தேய்க்கணும், உப்பு மேலயே பெயிண்ட் அடிச்சா கொப்புளம் வரும். எபாக்சி பிரைமர், மேல ஹார்டனர் கலக்குற பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட். எனாமல் உரசலுக்கு தாங்காது. பியூ அடிச்சா ஒரு வாரம் கயிறு அது மேல படக்கூடாது, தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள இறுகியிருக்காது.

அக்கரைப்பேட்டைக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிண்ணே. கயித்த உருவிப் பாத்தேன், கையெல்லாம் சிலும்பு ஏறிருச்சு, மணலும் கொட்டுச்சு. பக்கத்து போட் மாமாகிட்ட பேசுனேன், அவரே ரெண்டு குறுக்குக் கயிறு எடுத்துக் குடுத்து கட்டுனாரு, கரைக்கயித்தையும் முன்னாடி இருக்குற கட்டைக்கு மாத்தியாச்சு. அஞ்சு நாளாச்சு, அந்த கறக் சத்தம் இல்ல. டெலிவரி ஹோசும் ஓட்ட போட்டு லூசா போட்டிருக்கேன், நூல் முடிச்சு மட்டும் போட் பக்கமா வந்து லேசா தேயுது, அத நாளைக்கு மேல் பக்கமா திருப்பி கட்டணும். எபாக்சி வாங்கியாச்சு, நாலு நாள் நல்ல வெயில் கெடச்சா ஆரம்பிச்சுருவேன்.